ஒரு ரிலே குறைவு

லாரிக்கு எக்ஸ்ட்ரா விளக்கு போட வருகிறவர்களில் பாதிப் பேருக்கு ரோடு தெரிய வேண்டும் என்ற கவலையே கிடையாது. ரோட்டில் போகிறவர்களுக்குத் தங்கள் வண்டி தெரிய வேண்டும், அவ்வளவுதான். கேபினுக்கு மேலே எட்டு விளக்கை வரிசையாக வைத்து எதிரே வருகிறவன் கண்ணைப் பிடுங்கினால்தான் அவர்களுக்குத் திருப்தி. "கல்யாண வீடா, லாரியா?" என்று கேட்பேன். கோபித்துக்கொண்டு வேறு பட்டறைக்குப் போனவர்கள் உண்டு. நானும் போய்த் தொலையட்டும் என்று விட்டுவிடுவேன். இருபத்திரண்டு வருடமாக லாரிகளுக்கு ஒயரிங் வேலை பார்க்கிறேன். டிரைவர்கள் எனக்கு வைத்த பெயர் 'கரெண்டு'. என் வாயைப் பார்த்து வைத்த பெயர்.

யார் வந்தாலும் நான் ஒப்பிக்கிற பாடம் ஒன்று உண்டு. எக்ஸ்ட்ரா விளக்கில் இரண்டு வகை. ஒன்று தூரத்துக்கு அடிப்பது. அது ஹெட்லைட் பிரைட்டில் இருக்கும்போது அதோடு சேர்ந்து எரிய வேண்டும், எதிரே வண்டி வந்து நாம் வெளிச்சத்தைத் தாழ்த்தி டிம் அடித்தால் அதுவும் கூடவே அணைய வேண்டும். இன்னொன்று பனிக்கு. அது பம்பருக்குக் கீழே, தரையை ஒட்டி, தாழ்வாகவும் அகலமாகவும் அடிக்க வேண்டும். அது டிம்மோடுதான் எரிய வேண்டும். பனியில் பிரைட் போட்டால் வெளிச்சம் திரும்பி நம் முகத்துக்கே வரும். எதிரே வெள்ளைச் சுவர்தான் தெரியும். "மஞ்ச லைட்டா போட்டா பனி வெலகிடும்ல?" என்று கேட்பவர்களிடம், "வெலகி நின்னு ஒனக்கு வணக்கமும் சொல்லும்" என்பேன்.

இதை இவ்வளவு விவரமாகச் சொல்லக் காரணம் இருக்கிறது. தெரியாமல் செய்துவிட்டான் என்று யாரும் என்மேல் இரக்கப்படக் கூடாது.

என் தங்கையின் புருஷன் லாரி டிரைவர். பத்தொன்பது நாளுக்கு முன்னால், விடியற்காலையில், பெரிய பாலத்துக்குப் போகிற பள்ளத்தில் இறந்துபோனார். ரோட்டோரம் விளக்கில்லாமல் நின்றிருந்த லாரியின் பின்னால் மோதிவிட்டார். அந்த லாரிக்கு டயர் மாற்றிக்கொண்டிருந்தவரும் அங்கேயே போய்ச் சேர்ந்தார். ரோட்டில் பிரேக் போட்ட தடமே இல்லை. 'ஓட்டுநர் உறங்கிவிட்டதே காரணம்' என்று எழுதிப் போலீஸ்காரர்கள் கோப்பை மூடிவிட்டார்கள்.

நான்காவது நாள் அந்த டயர் மாற்றியவரின் மனைவி என் தங்கை வீட்டைத் தேடி வந்தாள். உள்ளே வரவில்லை. வாசலிலேயே நின்று, "உன் புருஷன் தூங்கினதுக்கு என் புருஷன் சாகணுமா?" என்று கேட்டாள். சத்தம்கூடப் போடவில்லை. அவள் போன பிறகு மாப்பிள்ளையின் போட்டோவை எடுத்து, பீரோவில் துணிகளுக்கு அடியில் குப்புற வைத்துக் கதவைச் சாத்திவிட்டாள்.

"எத்தன தடவ சொல்லியிருப்பேன் அண்ணே, தூக்கம் வந்தா ஓரமா போட்டுட்டுத் தூங்குங்கன்னு. கேட்டாரா? தானும் போயி இன்னொருத்தர் குடியையும் கெடுத்துட்டாரே, பாவி" என்று அழுவாள். அழுதுகொண்டே தையல் மிஷினை மிதிப்பாள். நான் பக்கத்தில் உட்கார்ந்திருப்பேன். அவளுக்குக் குழந்தை இல்லை. எனக்குக் குடும்பமே இல்லை. வேலை முடிந்து தினமும் அவள் வீட்டில்தான் சாப்பாடு. மூன்றாவது மாடி. படிக்கட்டில் ஜன்னல் கிடையாது. விளக்கு ஒன்று உண்டு, அதன் சுவிட்ச் அவள் வீட்டுக் கதவுக்கு உள்பக்கம் இருக்கிறது. நான் கிளம்பும்போது விளக்கைப் போட்டுவிட்டு, கீழே தெருக்கதவு சாத்தும் சத்தம் கேட்ட பிறகுதான் அணைப்பாள். பன்னிரண்டு வருடத்தில் ஒருநாளும் தவறியதில்லை.

நேற்றுக் காலை அவள் சொன்னாள்: "வண்டிய போலீஸ் யார்டுல போட்டிருக்காங்களாம். அவரு போர்வை, டிபன் கேரியர் எல்லாம் எடுத்துட்டு வந்துடு. அப்புறம்... நீ ஒரு தடவ சொன்னியே, மோதின வண்டி பல்ப பாத்தாலே என்ன நடந்துச்சுன்னு தெரிஞ்சிடும்னு. பாத்துட்டு வா. தூங்கினாருன்னா தூங்கினாருன்னு சொல்லு. நான் தாங்கிக்குவேன்."

சொன்னது உண்மைதான். அவர்கள் வீட்டில் சாப்பிட்டுக்கொண்டே நான் விட்ட பந்தாக்களில் அதுவும் ஒன்று. பல்புக்குள் இருக்கும் இழை எரியும்போது சூட்டில் இளகியிருக்கும். அந்த நேரத்தில் வண்டி மோதினால் இழுத்துவிட்ட ஸ்பிரிங் மாதிரி நீண்டு கோணிக்கொள்ளும். அணைந்திருந்த பல்பு என்றால் இழை அப்படியே ஒழுங்காக நிற்கும். மீறினால் பட்டென்று ஒடிந்திருக்கும். மாப்பிள்ளை வாயைப் பிளந்து கேட்டுவிட்டு, "மச்சானுக்குத் தெரியாதது ஒண்ணும் கெடையாதுப்பா" என்று தங்கையிடம் சொன்னார்.

அவர் தூங்கித்தான் இருக்க வேண்டும் என்று பத்தொன்பது நாளாக நான் வேண்டிக்கொண்டிருந்தேன். இதைவிடக் கேவலமாக ஒருவன் வேண்டிக்கொள்ள முடியாது. எனக்கு அதற்குத் தேவை இருந்தது.

சாவதற்கு முந்தைய நாள் மத்தியானம் வண்டியோடு என் பட்டறைக்கு வந்தார். தூரத்துக்கு இரண்டு, பனிக்கு இரண்டு, நான்கு விளக்கையும் முதலாளியிடம் கெஞ்சி வாங்கியிருந்தார். "பாலத்துப் பக்கம் பனி ஆரம்பிச்சிடுச்சு மச்சான், இன்னிக்கே போட்டுக் குடுங்க" என்றார். நாலரை மணிக்குள் லோடு ஏற்றப் போக வேண்டும். "போய்ப் படுங்க மாப்ள, நான் பாத்துக்கிறேன்" என்றேன். பட்டறைக்குப் பின்னால் கிடக்கிற கட்டிலில் நாலு மணி நேரம் குறட்டை விட்டுத் தூங்கினார்.

இரண்டு வகை விளக்குக்கும் தனித்தனியாக ரிலே வைக்க வேண்டும். ரிலே என்பது தீப்பெட்டி அளவு கறுப்புப் பெட்டி. எந்த விளக்கு எதோடு சேர்ந்து எரிய வேண்டும் என்பதை அதுதான் பிரிக்கும். டப்பாவைத் திறந்தால் ஒன்றே ஒன்று கிடந்தது. ஸ்பேர் கடைக்குப் போய்வர ஒன்றரை மணி நேரம் ஆகும். இன்னும் மூன்று வண்டிகள் நின்றிருந்தன. நான்கு விளக்கையும் அந்த ஒரே ரிலேயில் சேர்த்துவிட்டேன். அதாவது நான்கும் பிரைட்டோடு எரியும். டிம் அடித்தால் நான்கும் அணையும். பனி விளக்கும் சேர்ந்து அணையும். அடுத்த நடை வரும்போது பிரித்துவிடலாம் என்று நினைத்தேன். பத்து நிமிட வேலை.

அவரை எழுப்பி, பிரைட்டைப் போட்டு சுவிட்சைத் தட்டினேன். நான்கும் எரிந்தன. "மச்சான் கை வச்சா சும்மாவா!" என்று முதுகில் தட்டினார்.

அப்போது சொல்லியிருக்க வேண்டும். மறந்துவிட்டேன் என்று சொல்லத்தான் ஆசை. மறக்கவில்லை. ஊருக்கெல்லாம் பாடம் எடுக்கிறவன் அரைகுறையாக வேலை செய்திருக்கிறேன் என்று அவர் முன்னால் ஒப்புக்கொள்ள வாய் வரவில்லை. "மெதுவா போங்க" என்று மட்டும் சொன்னேன். எல்லோரும் எல்லோருக்கும் சொல்வதுதான் அது.

நேற்று மத்தியானம் யார்டுக்குப் போனேன். காவலாளி நோட்டில் கையெழுத்து வாங்கிக்கொண்டு, "சாமான மட்டும் எடுங்க, மத்ததத் தொடாதீங்க" என்று சொல்லிவிட்டு மறுபடி செல்போனில் மூழ்கினான். டிரைவர் பக்கம் கேபின் நசுங்கி உட்கார்ந்திருந்தது. அந்தப் பக்கத்தை நான் பார்க்கவில்லை. கிளீனர் பக்கம் ஓரளவு முழுசாக இருந்தது. போர்வை மடித்த மடிப்புக் கலையாமல் இருந்தது. டிபன் கேரியர் சீட்டுக்கு அடியில் ஒடுங்கிக் கிடந்தது.

அந்தப் பக்கத்து ஹெட்லைட்டிலிருந்து பல்பைக் கழற்றினேன். ஒரே பல்புக்குள் டிம்முக்கு ஒரு இழை, பிரைட்டுக்கு ஒரு இழை. டிம் இழை நீண்டு கோணிப்போயிருந்தது. பிரைட் இழை ஒழுங்காக நின்றது. பிறகு தரையில் படுத்து, பம்பருக்குக் கீழே நான் மாட்டிய பனி விளக்கைத் திறந்தேன். கண்ணாடி கீறியிருந்தது, பல்பு உடையவில்லை. இழை நான் மாட்டியபோது இருந்த மாதிரியே இருந்தது.

மிச்சம் இருந்தது சுவிட்ச். கேபினுக்குள் கையை நீட்டி, வளைந்த தகட்டுக்கு நடுவே தேடிப் பார்த்தேன். ஆன் பக்கம் அமுங்கி இருந்தது.

பனி அந்தப் பாலத்துப் பள்ளத்தில் மட்டும்தான் இருந்தது என்று போலீஸ் அறிக்கையிலேயே எழுதியிருக்கிறது. அதுவரை ரோடு தெளிவு. தெளிவான ரோட்டில் மனுஷன் பிரைட்டில்தான் வந்திருப்பார். பனியைப் பார்த்த பிறகுதான், சுவிட்சை ஆனில் வைத்துக்கொண்டே, டிம் அடித்திருக்கிறார். நான் சொல்லிக்கொடுத்த பாடத்தை ஒரு எழுத்து பிசகாமல் செய்திருக்கிறார். தூங்குகிறவன் டிம் அடிக்கமாட்டான். சுவிட்சில் ஒரு சிவப்புப் பொட்டு உண்டு. அதற்குத் தனி ஒயர். விளக்கு எரிந்தாலும் எரியாவிட்டாலும் ஆன் செய்தால் அது எரியும். பம்பருக்குக் கீழே இருக்கிற விளக்கை கேபினிலிருந்து பார்க்க முடியாது. சிவப்புப் பொட்டைப் பார்த்து, எல்லாம் எரிகிறது என்று நம்பிப் போயிருக்கிறார். மச்சான் போட்ட லைட்டு இவ்வளவுதானா என்றுகூட நினைத்திருப்பார். அந்த நினைப்பு வந்ததும் அங்கேயே குத்துக்காலிட்டு உட்கார்ந்துவிட்டேன்.

ஒன்றையும் மறைக்காமல் சொல்லிவிடுகிறேன். எழுந்து, உள்ளே கையை விட்டு, அந்தச் சுவிட்சை ஆஃப் பக்கம் தட்டினேன். டிக் என்றது. இப்போது யார் வந்து பார்த்தாலும், விளக்கு இருந்தும் போடாமல் தூங்கிப்போன டிரைவர்தான். நான் தப்பித்தேன். காவலாளி செல்போனைப் பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தான். கேரியரை எடுத்தபோது அடுக்கின் மேல் தங்கை நூலால் கட்டிய அடையாள முடிச்சு தெரிந்தது. லோடு ஏற்றும் இடத்தில் மற்றவர் கேரியரோடு மாறிவிடக் கூடாது என்று அவள் கட்டியது. சுவிட்சை மறுபடி ஆன் பக்கம் தட்டினேன். இரண்டு பல்பையும் கைக்குட்டையில் சுற்றிக்கொண்டேன்.

சாயங்காலம் அவள் வீட்டுக்குப் போனேன். போர்வையை வாங்கி முகத்தில் வைத்துக்கொண்டாள். பிறகு மிஷின் விளக்கைப் போட்டு, "குடு" என்றாள். ஊசியில் நூல் கோக்கிற கண் அவளுக்கு. நான் விளக்குவதற்கு முன்பே பார்த்துவிட்டாள்.

"இது இழுத்துக்கிட்டு இருக்கு. அப்ப எரிஞ்சிருக்கு."

"ஆமா. டிம்."

"இது?"

"பனி லைட்டு. எரியல."

"ஏன் போடாம விட்டாரு? தூங்கிட்டாரா?"

"இல்லம்மா. போட்டாரு. சுவிட்சு ஆன்ல இருக்கு. டிம்மும் அடிச்சிருக்காரு. முழிச்சுக்கிட்டுதான் இருந்திருக்காரு."

"அப்ப ஏன் எரியல?"

"நான் சரியா போடல."

எல்லாவற்றையும் சொன்னேன். ஒரு ரிலே, மூன்று வண்டி, பட்டப்பகலில் பிரைட் போட்டுக் காட்டியது, வாயைத் திறந்து சொல்லாதது. நடுவில் அவள் ஒரே ஒரு தடவைதான் குறுக்கிட்டாள்.

"அன்னிக்கு ஒன் கடையில தூங்கினாரா?"

"நாலு மணி நேரம்."

மிஷின் சக்கரத்தின் மேல் கையை வைத்தபடி என்னையே பார்த்தாள். "லைட்ட விடு அண்ணே. வேலையில தப்பு யாருக்கும் வரும். பத்தொம்பது நாளா அவர வாய்க்கு வந்தபடி திட்டினேனே. பாவின்னு சொன்னேனே. பக்கத்துல ஒக்காந்து கேட்டுக்கிட்டேதான இருந்த? எஞ்சோத்தத் தின்னுக்கிட்டே கேட்டியே!"

இரண்டு பல்பையும் மறுபடி கைக்குட்டையில் சுற்றினேன்.

அளவு எழுதுகிற நோட்டிலிருந்து ஒரு தாளைக் கிழித்து என் முன்னால் வைத்தாள். "எழுது. இப்ப சொன்னது எல்லாத்தையும் எழுதிக் கையெழுத்துப் போடு. நாளைக்கு ஸ்டேஷன்ல குடு." எழுதினேன். ஒயரிங் வேலைக்காரனின் கோணல் எழுத்து. நேற்று இன்னும் கோணியது. அவள் ஒவ்வொரு வரியாகப் படித்தாள். 'டிரைவர் தூங்கவில்லை' என்ற வரியில் விரலை வைத்து இரண்டு தடவை படித்தாள்.

"அந்தம்மா வீட்டுக்கும் நீயே போ. என் வாசல்ல வந்து அவங்க கேட்ட கேள்விக்கு நீதான் பதில் சொல்லணும்."

"போறேன்."

பீரோவைத் திறந்து, துணிகளுக்கு அடியிலிருந்து போட்டோவை எடுத்தாள். முந்தானையால் துடைத்தாள். துடைத்துக்கொண்டே இருந்தாள். "மன்னிச்சிடுங்க" என்றாள். அது என்னைப் பார்த்துச் சொன்னது இல்லை.

நான் எழுந்து செருப்பை மாட்டினேன். சாப்பிட்டுப் போ என்று அவள் சொல்லவில்லை. கதவருகே வந்து நின்றாள்.

"நானா கூப்பிடுற வரைக்கும் இங்க வராத அண்ணே. கூப்பிடுவேனான்னு எனக்கே தெரியல."

கதவைச் சாத்திக்கொண்டாள். இருட்டில் சுவரைத் தடவிக்கொண்டு இரண்டு படி இறங்கியிருப்பேன், படிக்கட்டு விளக்கு எரிந்தது. திரும்பிப் பார்த்தேன். கதவு சாத்தியேதான் இருந்தது. கீழே இறங்கிய பிறகும் கிளம்ப மனசு வராமல் அங்கேயே நின்றேன். விளக்கு எரிந்துகொண்டே இருந்தது. தெருக்கதவுச் சத்தம் கேட்பதற்காக அவள் மேலே சுவிட்ச் பக்கத்தில் நின்றுகொண்டிருப்பாள். அவளை இன்னும் எவ்வளவு நேரம் நிற்கவைப்பது? வெளியே வந்து, அவளுக்குக் கேட்கும்படி கதவைச் சாத்தினேன். உள்ளே விளக்கு அணைந்தது.