மாப்பிள்ளை சுத்தம் செய்த கம்ப்யூட்டர்

திங்கட்கிழமை காலை அக்கா கம்ப்யூட்டரைப் போட்டபோது, திரை கழுவிக் கவிழ்த்த தட்டு மாதிரி பளிச்சென்று இருந்தது. பதினெட்டு வருடமாக அங்கே அப்பிக்கிடந்த அறுபது எழுபது கோப்புகளில் ஒன்றைக்கூடக் காணோம். நடுவில் பனி மூடிய மலை ஒன்று. ஓரத்தில் ‘பழையவை’ என்று ஒரு கோப்புறை. திறந்து பார்த்தாள். எல்லாக் கோப்புகளும் அதற்குள்தான் அடைந்துகிடந்தன.

ஞாயிற்றுக்கிழமை மாப்பிள்ளை வந்து சுத்தம் செய்திருக்கிறார் என்று புரிந்துவிட்டது.

அச்சகத்தில் எல்லோருக்கும் அவள் அக்கா. அவளைவிடப் பத்து வயது மூத்த பைண்டருக்கும் அக்காதான். முதலாளி ஒருவருக்கு மட்டும் தங்கை, கூடப் பிறந்தவள். அந்த முதலாளியின் ஒரே மகளைக் கட்டியவர்தான் மாப்பிள்ளை; அவருக்கு அவள் சித்தி. இரண்டு மாதத்துக்கு முன்னால் பெரிய கம்பெனி வேலையை விட்டுவிட்டு அச்சகத்தை முன்னேற்ற வந்திருந்தார். அவர் வேலையை விட்டாரா, வேலை அவரை விட்டதா என்று கேட்கிற தைரியம் வீட்டில் யாருக்கும் வரவில்லை. வந்த வாரமே தனக்கு ‘தலைமைச் செயல் அதிகாரி’ என்று விசிட்டிங் கார்டு அடித்துக்கொண்டார். ஒன்பது பேர் வேலை செய்கிற இடம், அதில் இரண்டு பேர் அரைநாள் ஆட்கள். பதவியின் எழுத்தை இன்னும் பெரிசாக்குங்க சித்தி, இன்னும் கொஞ்சம், என்று ஏழு முறை சொன்னதில் டெலிபோன் நம்பர் கார்டின் பின்பக்கத்துக்குப் போக வேண்டியதாயிற்று.

அக்கா கோப்புறைக்குள் இறங்கி, பொறியாளரின் புத்தகத்தைத் தேடிப் பிடித்து இரண்டு தட்டு தட்டினாள். திறக்கவில்லை. இந்தக் கோப்பைத் திறக்க இயலாது என்று மென்பொருள் ஒரே வரியில் முடித்துக்கொண்டது.

அது ஓய்வுபெற்ற தலைமைப் பொறியாளர் ஒருவரின் சுயசரிதை, முதல் பாகம். நானூற்றுப் பன்னிரண்டு பக்கம், நூற்றுப் பதினேழு படம். நூற்றுப் பதினாறில் அவர் யாருக்காவது கை கொடுத்துக்கொண்டோ ரிப்பன் வெட்டி எதையாவது திறந்துகொண்டோ இருப்பார். ஒரு படத்தில் மட்டும் வெறுமனே நிற்பார். அதையும் அட்டைக்கு எடுத்துக்கொண்டார். வரும் ஞாயிறு வெளியீட்டு விழா. இன்று மாலைக்குள் பக்கங்கள் அச்சடிக்கும் பிளேட்டுக்குப் போயாக வேண்டும். பன்னிரண்டு மணிக்கு அவரே கடைசியாக ஒருமுறை பார்த்துக் கையெழுத்துப் போட வருகிறார்.

நகல் எடுத்து வைத்திருந்த கோப்பைத் திறந்தாள். அதே வரி. போன வருடத்து டைரியைத் திறந்தாள். அதே வரி. அப்போதே அவளுக்குப் பாதி விளங்கிவிட்டது. எல்லாக் கோப்பும் ஒரே ராத்திரியில் கெட்டுப்போகாது. நேராகப் போய் பிரிண்டர் பட்டியலைப் பார்த்தாள். பட்டியல் சுத்தமாகக் காலி.

இந்த மென்பொருளுக்கு ஒரு குணம் உண்டு. எந்த பிரிண்டருக்காகப் பக்கம் போடுகிறோம் என்று தெரியாமல் ஒரு பக்கத்தையும் திறக்காது. பிரிண்டர் நிஜத்தில் இருக்கிறதா, ஓடுகிறதா, மை இருக்கிறதா என்பதெல்லாம் அதற்கு வேண்டாத விஷயம். பட்டியலில் பெயர் இருந்தால் போதும். ஆறு வருடமாக ஒரு தாள்கூடத் துப்பாத ஒரு கனத்த பிரிண்டரின் பெயரை வைத்துக்கொண்டுதான் அக்கா அத்தனை புத்தகமும் போட்டிருந்தாள். மாப்பிள்ளை அந்தப் பெயரை நீக்கிவிட்டு, பிரிண்டரையும் கீழே மாடிப்படிக்கு அடியில் தள்ளியிருந்தார்.

பெயரைத் திரும்பச் சேர்க்க மூன்று நிமிடம். மவுசில் கையை வைத்தாள். கதவைத் திறந்துகொண்டு மாப்பிள்ளை வந்தார், பின்னாலேயே அண்ணன்.

“சித்தி, எப்படி இருக்கு? மூச்சு விடுதா இப்ப சிஸ்டம்?”

“மூச்சு விடுது மாப்பிள்ளை. புத்தகம்தான் திறக்கல.”

மாப்பிள்ளை அவள் நாற்காலியில் உட்கார்ந்தார். அணைத்துப் போட்டார். மறுபடி அணைத்துப் போட்டார். மூன்றாவது தடவை, அணைத்துவிட்டு ஒரு நிமிடம் கண்ணை மூடிக் காத்திருந்து போட்டார். பிறகு பெரிய டாக்டர் வராண்டாவுக்கு வந்து கையை விரிப்பதுபோல நாற்காலியைத் திருப்பினார்.

“கோப்பு கரப்ட் ஆயிடுச்சு மாமா.”

“ஐயையோ! எப்படி மாப்பிள்ளை?”

“ஒரு நாள்ல ஆறதில்ல இது. வருஷக்கணக்கா டிசிப்ளின் இல்லாம கையாண்டிருக்காங்க. சித்தியைக் குறை சொல்லல. அவங்களுக்குத் தெரிஞ்சது அவ்வளவுதான். இந்த சாப்ட்வேரையும் இந்த முறையையும் மொத்தமா மாத்தணும். இதை நான் அன்னைக்கே சொன்னேன்.”

“மாப்பிள்ளை, பிரிண்டர் லிஸ்ட்ல...” என்று அக்கா ஆரம்பித்தாள்.

“சித்தி, நாம பேசறது சாப்ட்வேர். பிரிண்டர் ஹார்டுவேர்.” சிரித்தார், குழந்தையின் கன்னத்தைத் தட்டுகிற சிரிப்பு. அத்துடன் போன் பேச வெளியே போய்விட்டார்.

அண்ணன் கதவைச் சாத்திவிட்டு வந்தார். அக்கா விஷயத்தைச் சொன்னாள். மூன்று நிமிட வேலை என்பதையும் சொன்னாள். அண்ணன் முகம் தெளியும் என்று பார்த்தால் இன்னும் கறுத்தது.

“அப்ப தப்பு மாப்பிள்ளையோடதுன்னு ஆயிடுமே.”

“ஆயிடுமே இல்ல, அவரோடதுதான்.”

“மெல்லப் பேசு. இப்பதான் ஒரு இடத்துல நிலையா உக்காந்திருக்காரு. முதல் வேலையிலேயே மூக்கை உடைச்சா நல்லாவா இருக்கும்? நீ ஒண்ணு பண்ணு. ஆமாம், நான்தான் கவனிக்காம விட்டுட்டேன், கோப்பு கெட்டுப்போச்சுன்னு அவர் முன்னாடி ஒரு வார்த்தை சொல்லிடு. அப்புறம் அவர் இல்லாதப்ப சரிபண்ணிடு.”

“பொறியாளர் முன்னாடியுமா?”

“அவரும் வர்றாரே...”

“பதினெட்டு வருஷத்துல ஒரு கோப்பு கெட்டிருக்காண்ணா என் கையில?”

“யாரு இல்லைன்னா? நமக்குள்ள தெரியும்ல? வெளியில ஒரு வார்த்தைதானே.”

அந்த ஒரு வார்த்தையைச் சொல்லிவிட்டால் என்ன ஆகும் என்று அக்காவுக்கு நன்றாகவே தெரியும். அக்கா கையில் கொடுத்தால் கெட்டுப்போகும் என்பது வாடிக்கையாளர் வாயால் ஊர் சுற்றும். அடுத்த மாதம் புது சாப்ட்வேர் வரும், அதற்கு அடுத்த மாதம் அதற்கென்று புது ஆள் வருவான், அக்கா பில் புத்தகங்களுக்கு நம்பர் குத்திக்கொண்டு உட்கார்ந்திருப்பாள். ஆனால் அண்ணனோடு சண்டை போட அவளுக்கு நேரமில்லை. மணி பதினொன்றே முக்கால்.

“சரிண்ணா. மாப்பிள்ளை மூக்கு உடையாது. நான் பாத்துக்கறேன்,” என்றாள்.

பொறியாளர் பத்து நிமிடம் முன்னதாகவே வந்தார். நேரத்துக்கு வருவது பற்றிப் புத்தகத்தில் ஒரு அத்தியாயமே இருந்தது. மாப்பிள்ளை அவருக்குக் கார்டு கொடுத்து, கோப்பு கரப்ட் ஆன வரலாற்றை ஆரம்பத்திலிருந்து விளக்கினார். பொறியாளர் முகம் வெளிறியது.

“என் வாழ்க்கை போயிடுச்சா?”

“ரெக்கவர் பண்ணப் பாக்கறோம் சார்.”

அண்ணன் கண்ணாலேயே கெஞ்சினார். அக்கா எழுந்து நின்று, கையைக் கட்டிக்கொண்டு, அடக்க ஒடுக்கமாகக் கேட்டாள்.

“மாப்பிள்ளை, எனக்கு ஒரு சந்தேகம். விவரம் தெரியாம கேக்கறேன். அந்தப் பழைய பிரிண்டர் இங்க இருந்த வரைக்கும் புத்தகம் திறந்துச்சு. அது கீழ போனதும் திறக்கல. ரெண்டுக்கும் ஏதாவது தொடர்பு இருக்குமா? நீங்கதான் சொல்லணும்.”

மாப்பிள்ளை மோவாயைத் தடவினார். எல்லோரும் அவர் வாயையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். இருக்காது என்று சொன்னால், அடுத்து என்ன என்று கேட்பார்கள். அடுத்தது அவரிடம் இல்லை.

“ஹார்டுவேர் டிபெண்டன்சி,” என்றார் மெதுவாக. “எனக்கு மனசுல ஓடிட்டே இருந்துச்சு. அந்த யூனிட் இங்க இருந்தாகணும்.”

“அப்பாடா! பைண்டருக்கு முதுகுவலி, மெஷின்காரர் சாப்பிடப் போயிருக்காரு. நான் போய்த் தூக்கிட்டு வரட்டுமா மாப்பிள்ளை?”

“சேச்சே, நீங்க எதுக்கு சித்தி?”

“அண்ணா, நீங்க?”

மாமனாரைத் தூக்கவிட்டுப் பார்த்துக்கொண்டிருக்கிற மாப்பிள்ளை என்று பெயர் வாங்க முடியுமா? அவர் சட்டைக் கையை மடித்துக்கொண்டு இறங்கினார். பிரிண்டர் ஒரு சின்ன பீரோ கனம். மூன்று மாடி. வழி காட்டப் போன அண்ணன் “பாத்து மாப்பிள்ளை, பாத்து” என்று சொல்லிக்கொண்டே வருவது படிக்கட்டில் கேட்டது. நடுவில் இரண்டு இடத்தில் சத்தம் நின்றது.

அதற்குள் அக்கா பிரிண்டர் பெயரைப் பட்டியலில் சேர்த்துவிட்டாள். புத்தகம் திறந்தது. நூற்று ஐம்பத்தாறாம் பக்கத்தில் பொறியாளர் ரிப்பன் வெட்டி ஒரு பாலத்தைத் திறந்துகொண்டிருந்தார். திறக்கிறது என்று தெரிந்தால் போதும் என்று மூடிவிட்டுக் காத்திருந்தாள். பொறியாளர் ஜன்னல் பக்கம் நின்று நெஞ்சைத் தடவிக்கொண்டிருந்ததால் கவனிக்கவில்லை.

வெள்ளைச் சட்டை முழுக்கத் தூசும் வேர்வையுமாக மாப்பிள்ளை வந்து சேர்ந்தார். பிரிண்டரை மேசைமேல் வைத்தபோது மேசை முனகியது, அவரும் முனகினார்.

“இப்ப தட்டட்டுமா மாப்பிள்ளை?”

“தட்டுங்க,” என்றார் மூச்சு வாங்கிக்கொண்டு.

தட்டினாள். புத்தகம் விரிந்தது. பொறியாளர் ஓடிவந்து தன் பாலத்தைப் பார்த்துக் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

“அப்ப கோப்பு நல்லாத்தான் இருக்கா மாப்பிள்ளை? கெட்டுப்போகலையே?” என்று அக்கா எல்லோர் காதிலும் விழக் கேட்டாள்.

“கோப்பு ரொம்ப நல்லாருக்கு சித்தி. அதுல ஒரு குறையும் இல்ல. பிரச்சினை சூழல்ல இருந்துச்சு.”

அண்ணன் பெருமூச்சு விட்டார். விஷயம் அத்தோடு முடிந்திருக்கும். ஆனால் பொறியாளர் முப்பத்தைந்து வருடம் சைட்டில் நின்றவர். மேசையைச் சுற்றி வந்து பிரிண்டரின் பின்பக்கம் குனிந்தார்.

“தம்பி, இதுல ஒரு வயர்கூட சொருகலையே?”

மாப்பிள்ளை எட்டிப் பார்த்தார். கரண்ட் வயர் இல்லை, கம்ப்யூட்டர் வயர் இல்லை. எங்கும் சொருகாத அந்தப் பெட்டியை ஒரு நொடி வெறித்தார். அக்காவைப் பார்த்தார். அக்கா பாலத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

“அது... வயர்லெஸ் சார்.”

வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்த பைண்டர் இருமுவதுபோல வெளியே போனார்.

“இவ்வளவு பழைய பெட்டியை வயர்லெஸ் ஆக்கிட்டீங்களா? கரண்ட் இல்லாமயா?” பொறியாளர் மாப்பிள்ளையின் தூசி படிந்த கையைப் பிடித்துக் குலுக்கினார். போட்டோ எடுக்க ஆளில்லையே என்று சுற்றிலும் பார்த்தார். “முதலாளி, இனிமே என் விஷயம் எல்லாம் இவர்தான் பாக்கணும். ரெண்டாம் பாகத்தை வேற யாரும் தொடக்கூடாது. இவரே தன் கையால போடணும். அது இன்னும் பெரிசு, அறுநூறு பக்கம் வரும். பை காரிலதான் இருக்கு, இன்னைக்கே ஆரம்பிச்சிடலாம்.”

“அது வந்து சார், நான் ஸ்ட்ராட்டஜி பக்கம்தான்...”

“தன்னடக்கம்!” என்றார் பொறியாளர், பூரித்துப் போய்.

மாப்பிள்ளை மாமாவைப் பார்த்தார். மாப்பிள்ளைக்கு இந்த வேலை தெரியாது என்று மாமா எந்த வாயால் சொல்வார்? “மாப்பிள்ளை பிரமாதமா செய்வாரு சார்” என்று தரையைப் பார்த்துக்கொண்டு சொன்னார்.

அக்கா பொறியாளரின் கையெழுத்தை வாங்கி, நானூற்றுப் பன்னிரண்டு பக்கத்தையும் பிளேட்டுக்கு அனுப்பிவிட்டு, மூக்குக் கண்ணாடியை எடுத்துக்கொண்டு எழுந்தாள். நாற்காலியைத் துடைத்து மாப்பிள்ளைக்குக் காட்டினாள். பொறியாளர் இன்னொரு நாற்காலியை ஒட்டிப் போட்டுக்கொண்டு, காரிலிருந்து எடுத்து வந்த பையை மடியில் வைத்துத் திறந்தார்.

“ஏம்மா, கொஞ்ச நேரம் பக்கத்துல நில்லேன்,” என்று அண்ணன் வாசலில் காதைக் கடித்தார்.

“மாப்பிள்ளை வேலை செய்யற இடத்துல நான் நின்னா அவருக்கு மரியாதையா இருக்காதுண்ணா.”

கண்ணாடிக் கதவு வழியாகப் பார்த்தாள். மாப்பிள்ளை முதல் படத்தை எப்படியோ பக்கத்தில் இறக்கிவிட்டார். அது தலைகீழாக இறங்கியது. செய்ததை ரத்து செய்யும் கட்டளையைக் கொடுத்தார், படம் மறைந்தது. இந்த மென்பொருளில் பின்னால் போக ஒரே ஒரு படிதான் உண்டு. மறுபடி அதையே அழுத்தினால் போனது திரும்பி வந்துவிடும். அவர் மறுபடி அழுத்தினார். பொறியாளர் தலைகீழாக வந்தார். அழுத்தினார், போனார். அழுத்தினார், வந்தார்.

“போன தடவை இல்லாம இருந்தப்ப நல்லா இருந்துதே தம்பி,” என்று உள்ளே பொறியாளரின் குரல் கேட்டது. “ஆனா நான் இருக்கணுமே!”

அக்கா பிளேட் அறைக்குப் போய்விட்டாள்.