ஐம்பத்து நாலு வயதுப் பிள்ளை

1

உண்மையைச் சொல்லிவிடுகிறேன், இது திருட்டுக் கதை. ஜெர்மனியில் செல்லெ நகரத்து நோட்டரி ஒருவரிடம் என் உயிலை எழுதப் போயிருந்தேன். வெளியறையில் உட்கார்ந்து, 'வாரிசு' என்ற இடத்தில் போட ஒரு பெயரும் தோன்றாமல் முழித்துக்கொண்டிருந்தபோது, அவர் அறையின் சரியாகச் சாத்தாத கதவு வழியே ஒரு கிழவியின் குரல் கேட்டது. ஒரே ஒரு வாக்கியம். மீதியெல்லாம் என் கைச்சரக்கு.

2

முதல் தொடக்கம்: எழுபத்தொன்பது வயது ஹெட்விக் பிராமரின் தோட்டத்தில் இலைகள் ஒவ்வொன்றாக

(வேண்டாம். தனிமை என்றதும் இலையை உதிர்ப்பது எனக்கே அலுத்துவிட்டது.)

இரண்டாவது: ஹெட்விக்குக்குப் பிள்ளை இல்லை. கணவர் போய்ப் பதினோரு வருடம். மாடியில் டெட்லெஃப் குடியிருக்கிறான், ஹீட்டர் மெக்கானிக், ஐம்பத்து நாலு வயதுத் தனிக்கட்டை. சனிக்கிழமை மதியம் மட்டும் இறங்கி வந்து அவளோடு பருப்பு சூப் குடிப்பான். மற்ற ஆறு நாளும் தலைக்கு மேல் கேட்கும் காலடிச் சத்தம்தான் அவளுக்குத் துணை.

வீட்டை அவனுக்கு எழுதிவைக்க நினைத்தாள். நோட்டரி கணக்குப் போட்டார்.

"வெளியாளுக்குக் குடுத்தா இருபதாயிரம் யூரோவுக்கு மேல முப்பது சதவீதம் வரி, மேடம். அதைக் கட்டவே அவரு வீட்டை விக்கணும். சொந்தப் பிள்ளைன்னா நாலு லட்சம் வரைக்கும் ஒண்ணும் கிடையாது."

"இந்த வயசுல பிள்ளைக்கு நான் எங்க போவேன்?"

"தத்து எடுத்துக்கலாம். பெரியவங்களையும் எடுக்கலாம். ஆனா வரிக்காகத்தான்னு நீதிபதிக்குப் பட்டா மனு தள்ளுபடி."

3

அந்தச் சனிக்கிழமை, சூப் ஆறுவதற்குள் சொல்லிவிட்டாள்.

"எல்லாம் வரிக்காகத்தான், டெட்லெஃப். வேற ஒண்ணும் நெனச்சுக்காதீங்க."

"வரிக்குத்தானே, சரி மேடம்." கொஞ்சம் யோசித்துவிட்டு, "அப்ப சூப்புல உப்பு ஜாஸ்தின்னு இனிமே சொல்லலாமா?" என்றான்.

"இத்தனை வருஷமா வாயை மூடிட்டா குடிச்சீங்க?"

"வாடகைக்கு இருக்கிறவன் எப்படிச் சொல்றது?"

(இங்கே ஹெட்விக்கை நான் நம்பவில்லை. வரிக்காகத்தான் என்றால், நோட்டரியைப் பார்ப்பதற்கு முந்தைய வாரமே எதற்கு அவனுக்கென்று தனிக் கிண்ணம் வாங்கி, அடியில் அவன் பெயரை எழுதி வைத்தாள்? வரி அவளுக்குக் கிடைத்த சாக்கு. 'எனக்கு மகனாக இரு' என்று கேட்க அவளுக்கு வெட்கம்.)

4

நீதிமன்றம், காலை பத்து மணி. இருவரும் பக்கத்துப் பக்கத்து நாற்காலியில். நீதிபதி அவளைப் பார்த்துக் கேட்கிறார்:

"எதுக்கு மேடம் இந்தத் தத்து? வரியை மிச்சம் பிடிக்கவா?"

ஆமாம் என்றால் வீடு அவனுக்குத் தங்காது. ஆனால் மானம் தப்பும், சனிக்கிழமை சூப் தொடரும். இல்லை என்றால் உண்மையை அவன் காதுபடச் சொல்லியாக வேண்டும். கேட்டுவிட்டு அவன் ஒதுங்கிப் போய்விட்டால்? அவளுக்கு அந்த ஒரு மதியத்தை விட்டால் வேறு எதுவும் இல்லை.

முடிவு ஒன்று: "ஆமாங்க" என்கிறாள். இருவரும் ஒரே பஸ்ஸில் பேசாமல் (அடித்துவிட்டேன். அவளை அப்படி உட்காரவைக்க என்னால் முடியவில்லை.)

முடிவு இரண்டு: அவள் அழ, டெட்லெஃப் "அம்மா!" என்று கட்டிப்பிடித்து (இருபது வருடம் ஒரே வீட்டில் இருந்தும் பிறந்தநாளுக்குக் கைகுலுக்குகிறவர்கள். நீங்களே சிரிப்பீர்கள்.)

5

கதவு வழியே நான் நிஜமாகக் கேட்ட வாக்கியம் இதுதான்: "வரிக்குன்னு அவர்கிட்ட சொல்லிட்டேனே, இப்ப எந்த வாயால மாத்திச் சொல்வேன்?"

நோட்டரி என்ன பதில் சொன்னார் என்று தெரியாது. அதற்குள் யாரோ கதவைச் சாத்திவிட்டார்கள்.

ஹெட்விக் வாயைத் திறந்திருக்கிறாள். டெட்லெஃப் நீதிபதியை விட்டுவிட்டு அவளையே பார்த்துக்கொண்டிருக்கிறான். அடுத்த வாக்கியத்தை உங்களில் யாராவது எழுதிக் கொடுங்கள். அப்படி ஒன்றை யாரிடமாவது சொல்ல எனக்குத் தெரிந்திருந்தால், என் உயிலில் அந்த இடம் இன்னும் காலியாகக் கிடக்காது.