மெஷின் கறை

மூட்டைகள் மேலேயிருந்து சறுக்கி வந்து விழுந்துகொண்டிருந்தன. மருத்துவமனையின் ஒவ்வொரு தளத்திலும் சுவரில் ஒரு சிறிய தகரக் கதவு உண்டு. அழுக்கு விரிப்புகளைக் கட்டி அதற்குள் தள்ளிவிட்டால், குழாய் வழியே இறங்கி, அடித்தளத்தில் இருக்கும் சலவைக்கூடத்தின் தரையில் தொம்மென்று வந்து உட்காரும். விழும் சத்தத்தை வைத்தே எந்த வார்டு மூட்டை என்று ரேடியோ சொல்லிவிடுவாள்.

"இது பிரசவ வார்டு. ஈரத்தோட விழுது பாரு."

வேலைக்கு வந்த நிமிடத்திலிருந்து வீட்டுக்குக் கிளம்பும்வரை வாய் மூடாதவள் என்பதால் அவளுக்கு அந்தப் பெயர். அவளுக்கு எதிரே நின்றவள் பெரியக்கா. அங்கிருந்த பெண்களில் வயதில் மூத்தவள். சூப்பர்வைசர்கூட அவளை அப்படித்தான் கூப்பிடுவார். இருவருக்கும் நடுவில் தகடு போட்ட நீளமான மேசை. மூட்டையை அவிழ்த்து, விரிப்பை உதறி, கறையைப் பார்த்துப் பிரிப்பது இவர்கள் வேலை. ரத்தம் திட்டுத்திட்டாக உறைந்திருந்தால் குளிர்ந்த தண்ணீர்த் தொட்டியில் ஊறவேண்டும். சின்னக் கறை என்றால் நேரே மெஷினுக்குப் போகலாம். தொட்டி, மெஷின், மெஷின், தொட்டி என்று கைகள் தாமாகவே பிரித்துப் போடும். ரத்தத்தைப் பார்த்து அங்கே யாரும் முகம் சுளிப்பதில்லை. எவ்வளவு என்று மட்டும்தான் பார்ப்பார்கள்.

அன்று மதியம் கழிப்பறைக்குப் போய்வந்த பெரியக்கா, கையுறையை மாட்டாமல் மேசையோரமாக நின்றாள்.

"என்னக்கா, பேயறைஞ்ச மாதிரி நிக்கிற?"

"திரும்ப வந்திருக்குடி."

"யாரு? செத்துப்போன உன் மாமியாரா?"

"அதுதான்டி. நின்னுபோனது."

ரேடியோ கையிலிருந்த விரிப்பை அப்படியே போட்டுவிட்டு, வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். "அடி சக்கை! பேரன் எடுத்தப்புறம் குமரியாகுறியா? மாமாகிட்ட மொதல்ல சொல்லு. மனுஷன் சந்தோஷத்துல மீசைக்கு மை தடவிடப் போறாரு."

"சும்மா இருடி. எனக்குப் பகீர்னு இருக்கு."

"இதுல பகீர்னு இருக்க என்ன இருக்கு?" ரேடியோ அடுத்த மூட்டையை இழுத்தாள். "மொதல்ல தள்ளித் தள்ளிப் போயி ஏமாத்தும். அப்புறம் ஒரே மாசத்துல ரெண்டு தடவ வந்து கொட்டும். அப்புறம் நின்னுரும். நின்னதுக்கப்புறமும் சிலபேருக்கு, வீட்ட விட்டுப் போறவ தெருமுனையில நின்னு திரும்பிப் பாக்குறாப்ல, எட்டிப் பாக்கும். எங்க பெரியம்மாவுக்கு இப்படித்தான் இருந்துச்சு."

"அவங்களுக்கு அப்புறம் என்ன ஆச்சு?"

"அவங்க வேற என்னமோ வந்து போயிட்டாங்க. அது வேற."

துணி மடிக்கும் பெண்கள் பக்கத்திலிருந்து ஒரு சிரிப்பு எழுந்து அடங்கியது. பெரியக்கா கையுறையை மாட்டிக்கொண்டாள்.

அது நிற்கப்போகிற காலத்தில் வரும் உடம்புச் சூட்டைக்கூட அவள் உணர்ந்ததில்லை. சலவைக்கூடத்தில் காயவைக்கும் இயந்திரங்களின் கதவைத் திறந்தால் முகத்தில் அனலடிக்கும். எல்லாருக்கும் எப்போதும் வியர்வை. உள்ளேயிருந்து வருகிற சூடு எது, வெளியிலிருந்து வருகிறது எது என்று பிரித்துப் பார்க்க அங்கே யாருக்கும் நேரமிருந்ததில்லை. அவளுக்கு மாதம் தவறியது, கொட்டியது, ஒருநாள் ஒரேயடியாக நின்றது. மகளுக்குக் குழந்தை பிறந்த சமயம். நின்றது என்று தெரிந்தபோது அவளுக்கு ஒரு நிம்மதிதான். இனிமேல் வேலை நேரத்தில் கழிப்பறைக்குப் போக அனுமதி கேட்டு நிற்க வேண்டாம். அந்தப் பேரன் இப்போது வாக்கியமாகப் பேசுகிறான்.

வீட்டுக்குப் போனதும் உள்ளாடையை எடுத்து வெளிச்சத்தில் விரித்துப் பார்த்தாள். கட்டைவிரல் அகலத்துக்கு ஒரு கறை, ஓரம் மங்கி. வேலையிடத்தில் இதைப் பார்த்திருந்தால் கை நிற்காமல் மெஷின் பக்கம் எறிந்திருக்கும். இவ்வளவுதானா என்று இருந்தது அவளுக்கு. குளிர்ந்த தண்ணீரில் இரண்டு தேய்ப்பு. போய்விட்டது.

அதற்கப்புறம் வந்தது. போனது. மறுபடி வந்தது. ஒவ்வொரு தடவையும் அவள் வெளிச்சத்தில் விரித்துப் பார்த்தாள். மழைக்காலம் முழுக்க அப்படியே ஓடியது. ஒரு தடவைகூட அது தொட்டிக்குப் போகிற அளவுக்கு இல்லை. பிரசவ வார்டு விரிப்புகளை, விபத்து வார்டு விரிப்புகளைக் கைநிறைய அள்ளியவளுக்கு, அந்த விரலகலத்தைத் தூக்கிக்கொண்டு டாக்டரிடம் போய் நிற்பது வெட்கக்கேடாகப் பட்டது. 'இதுக்காகவா வந்தே?' என்று கேட்டால் என்ன சொல்வது?

கணவரிடம் சொல்லவில்லை. அவர் முன்பு வேன் ஓட்டியவர். கண்பார்வை குறைந்த பிறகு ஒரு பெரிய கடையில் வண்டி நிறுத்துமிடத்தைப் பார்த்துக்கொள்கிறார். இந்த விஷயத்தை அவர்கள் ஒருநாளும் வாய்விட்டுப் பேசியதில்லை. முன்பெல்லாம் அவள் தனியாகப் பாய் விரித்தால் அவருக்குப் புரிந்துவிடும். அவராகவே தண்ணீர் பிடித்து வைத்துவிடுவார். பேச்சு அவ்வளவுதான். இப்போது அவள் மறுபடியும் தனியாகப் பாய் விரித்ததைப் பார்த்தார். தலையைச் சொறிந்தார். சாப்பிட்ட தட்டைத் தானே கழுவி வைத்துவிட்டு வாசலில் போய் உட்கார்ந்துகொண்டார். வெகுநேரம் கழித்து உள்ளே பார்த்து, "ஒடம்பு ஏதும் முடியலையா?" என்றார்.

"ஒண்ணுமில்ல."

"ம்."

அவர் மேற்கொண்டு கேட்டிருந்தால் அவள் சொல்லியிருப்பாள். அவள் சொல்ல ஆரம்பித்திருந்தால் அவர் எழுந்து வந்திருப்பார். இருவரும் காத்திருந்தார்கள். பிறகு அவர் விளக்கை அணைத்தார்.

வெயில் ஏறத் தொடங்கியபோது இடுப்புக்குள் ஒரு வலி வந்து குடியேறியது. நின்றபடியே செய்கிற வேலை, வலிக்காமல் என்ன செய்யும் என்று நினைத்தாள். துணி மடிக்கிற ஒருத்தி ஒரு மாத்திரை கொடுத்தாள். இன்னொருத்தி இடுப்பில் துணியை இறுக்கிக் கட்டிக்கொள்ளச் சொன்னாள். ஒரு காலை, கனத்த மூட்டை ஒன்றை மேசைமேல் தூக்கிப் போட்டபோது அவளுக்குள் ஏதோ நழுவியது. சூடாகக் கால்வழியே இறங்கியது. தரையிலிருந்த ஈரத்தில் சிவப்பு பரவுவதை ரேடியோதான் முதலில் பார்த்தாள். ஒரு விரிப்பை எடுத்துப் பெரியக்காவின் இடுப்பில் சுற்றினாள். கையைப் பிடித்துச் சுவரோரம் உட்காரவைத்தாள்.

"இது தொட்டிக்குப் போற கறைதான்டி," என்றாள் பெரியக்கா. சிரிக்கப் பார்த்தாள்.

"வாய மூடுக்கா. மேல தானே டாக்டருங்க இருக்காங்க. வா, போவோம்."

"வேலை நேரத்துல எப்படிப் போறது? நாம காண்ட்ராக்ட் ஆளுங்க. லீவு நாள்லதான் காட்டிக்கணும்."

"அதுவரைக்கும் இது நிக்குமா?"

நின்றது. அதனால் விடுமுறை நாள்வரை அவள் வேலைக்கு வந்தாள்.

புறநோயாளிகள் பகுதிக்குத் தெருவிலிருந்தே தனி வாசல் உண்டு. அங்கே மற்றவர்களோடு வரிசையில் உட்கார்ந்திருந்தாள். டாக்டரம்மாவுக்கு அவள் மகள் வயதுதான் இருக்கும். கண்ணுக்குக் கீழே தூக்கமில்லாத கருப்பு. கேள்விகளை மெதுவாகத்தான் கேட்டாள்.

"எப்ப நின்னுச்சும்மா?"

"பேரன் பொறந்தப்ப."

"பேரனுக்கு என்ன வயசு?"

"அடுத்த வருஷம் பள்ளிக்கூடத்துல சேக்கணும்."

டாக்டரம்மா பேனாவை நிறுத்தினாள். "அதுக்கப்புறம் ரத்தமே பாக்கல. சரியா? திரும்ப எப்ப ஆரம்பிச்சுது?"

"மழைக்கு முன்னாடி. ஆனா கொஞ்சம்தான் டாக்டரம்மா. இந்த மாசம்தான் ஒரு தடவ ஜாஸ்தியாப் போச்சு. அதுவரைக்கும் மெஷின்ல போடுற அளவுதான்."

"எதுல?"

பெரியக்கா கட்டைவிரலை நீட்டிக் காட்டினாள். "இவ்வளவு."

டாக்டரம்மா அந்த விரலையே பார்த்தாள். "அம்மா, நிக்கிறதுக்கு முன்னாடி முன்னப்பின்ன ஆகும், கூடக்கொறைய வரும். அது எல்லாருக்கும் நடக்குறது. ரொம்ப அதிகமாப் போனா அப்பவும் வந்து காட்டணும், அது வேற விஷயம். ஆனா ஒரு வருஷம் முழுசா வராம இருந்து, அதுக்கப்புறம் வந்தா, அது மாசாமாசம் வர்றது இல்ல. அதுக்கு அளவே கெடையாது. ஒரு சொட்டு வந்தாலும் உடனே வரணும்."

"ஒரு சொட்டுக்கா?"

"ஒரு சொட்டுக்கு."

பெரியக்கா தன் விரலை மடக்கிக்கொண்டாள்.

"நெறைய பேருக்கு இது சும்மா புண்ணா இருக்கும், இல்ல சின்ன சதையா இருக்கும். சுலபமாச் சரியாயிரும். ஆனா உள்ள இருந்து கொஞ்சம் எடுத்துப் பாத்தாத்தான் சொல்ல முடியும்," என்றாள் டாக்டரம்மா. அதைச் சொல்லும்போது அவள் எழுதிக்கொண்டிருந்தாள், நிமிரவில்லை.

எடுத்துப் பார்த்தார்கள். படம் பிடித்தார்கள். முடிவு சொல்கிற நாளில் கணவரும் வந்திருந்தார். கர்ப்பப்பையில் புற்று, அது சுவரைத் தாண்டி வெளியிலும் போயிருக்கிறது என்றாள் டாக்டரம்மா. வந்த புதிதிலேயே பார்த்திருந்தால் கர்ப்பப்பையை எடுத்துவிடுவதோடு பெரும்பாலும் முடிந்திருக்கும். இப்போதும் எடுக்கத்தான் வேண்டும், அதற்குமேலும் வைத்தியம் இருக்கிறது, செய்யலாம். முழுசாகக் குணமாகுமா என்று கணவர் கேட்டார். "செய்யலாம்" என்றே அவள் இரண்டாவது தடவையும் சொன்னாள்.

வெளியே வந்து இருவரும் பேருந்து நிறுத்தத்தில் உட்கார்ந்தார்கள். அவர்கள் ஏறவேண்டிய பேருந்து வந்தது. அவர் எழவில்லை. அது போனபிறகு அடுத்ததும் வந்தது.

"பாய் தனியா விரிச்சப்பவே கேட்டிருக்கணும்," என்றார்.

"கேட்டீங்களே."

"கேட்டேனா?"

"ஆமா. நான்தான் ஒண்ணுமில்லன்னுட்டேன்."

அவர் கண்ணாடியைக் கழற்றிச் சட்டை நுனியால் துடைத்தார். துடைத்துக்கொண்டே இருந்தார்.

மறுநாள் சூப்பர்வைசரிடம் சொன்னாள். அவர் கெட்டவர் இல்லை. முகம் தொங்கிப்போய், "என்ன பெரியக்கா இப்படிச் சொல்றீங்க," என்றார். நாற்காலியை இழுத்துப்போட்டு அவளை உட்காரச் சொன்னார். அப்புறம் கழுத்தைத் தடவிக்கொண்டார்.

"எத்தன நாள் ஆகும்?"

"தெரியல சார். ஆபரேஷன், அதுக்கப்புறம் புத்த எரிக்கக் கரண்டு வைக்கிறதுன்னு சொல்றாங்க."

"அதுவரைக்கும் மேசைய ஒருத்தி பாக்க முடியாது. ஆள் போட்டாகணும். நீங்க திரும்பி வந்தா..." அவர் நிறுத்தினார். "வந்தப்புறம் பேசிக்கலாம்."

"சரி சார்."

"யூனிஃபாரம் கோட்ட மட்டும் துவைச்சுக் குடுத்துருங்க. காண்ட்ராக்டர் கேப்பாரு."

அந்த வெளிர்நீலக் கோட்டை அவளே துவைத்து, தேய்த்து, மடித்துக் கொடுத்தாள். ரேடியோ அவளைக் கட்டிப்பிடித்துக்கொண்டு, "நீ இல்லாம நான் யாருகிட்டக்கா பேசுவேன்?" என்று அழுதாள். "உனக்குக் கேக்குறதுக்கு ஆள் வேணுமா? செவுத்துகிட்டகூடப் பேசுவியே நீ," என்றாள் பெரியக்கா. பின்னால் மூட்டைகள் விழுந்துகொண்டிருந்தன.

வார்டில் படுக்கை காலியாகும்வரை வீட்டில் இருக்கச் சொன்னார்கள். அவள் எடை குறைந்தாள். மகள் வந்து சமைத்துவைத்துவிட்டுப் போனாள். கடைசியில் அட்மிஷனுக்கு வரச்சொல்லிப் போன் வந்தது.

கணவர் பையை எடுத்துக்கொண்டார். வார்டு மேலே இருந்ததால் பெரிய வாசல் வழியாகப் போகவேண்டும். இத்தனை வருடத்தில் அவள் அந்த வாசலை மிதித்ததில்லை. கண்ணாடிக் கதவு தானாகத் திறந்தது. உள்ளே பளபளவென்று தரை, குளிர்ந்த காற்று. இரண்டடி வைப்பதற்குள் காவலாளி ஓடிவந்தார். பின்வாசலில் நின்று அவளோடு தினமும் டீ குடித்தவர், இப்போது முன்வாசலுக்கு மாற்றலாகியிருந்தார்.

"என்ன பெரியக்கா, இந்தப் பக்கம்? லாண்டரி ஆளுங்க இப்படி வரக்கூடாதுன்னு தெரியாதா? மேல கேமரா இருக்கு, எனக்கு வேட்டு வெச்சிராதீங்க."

கணவர் வாயைத் திறந்தார். பெரியக்கா அவர் கையைத் தொட்டாள். சுற்றி நிறைய ஆண்கள் நின்றிருந்தார்கள். எதற்காக வந்திருக்கிறாள், எந்த உறுப்பில் என்ன என்று அவர்கள் முன்னால் சொல்ல அவளுக்கு நாக்கு எழவில்லை.

"பின்னாடியே போயிரலாம் வாங்க. எனக்கு வழி தெரியும்," என்றாள்.

கட்டடத்தைச் சுற்றி நடந்தார்கள். அவள் இரண்டு இடத்தில் சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றாள். பின்பக்கம் சாமான் ஏற்றும் லிஃப்டின் கதவு திறந்திருந்தது. உள்ளே துவைத்து மடித்த விரிப்புகளை அடுக்கிய தள்ளுவண்டி. அதைப் பிடித்துக்கொண்டு வெளிர்நீலக் கோட்டில் ஒரு பெண் நின்றாள். வேலைக்குப் புதிது போலும். கோட்டு பெரிதாக இருந்ததால் கையை மடித்துவிட்டிருந்தாள். பெரியக்கா உள்ளே காலெடுத்து வைத்தாள்.

"ஐயோ அம்மா, இதுல வரக்கூடாது," என்றாள் அந்தப் பெண், பதறிப்போய். "இது லாண்டரி ஆளுங்களுக்கு. நோயாளிங்க முன்வாசல் வழியாத்தான் போகணும். என்னைய ஏசுவாங்கம்மா."

பெரியக்கா காலைப் பின்னுக்கு எடுத்தாள்.

"கோவிச்சுக்காதீங்கம்மா. அப்படியே சுத்திப் போனா முன்னாடி வந்துரும். மெதுவாப் போங்க."

அவள் உள்ளேயிருந்த பொத்தானை அழுத்தினாள். கதவு இருபுறமிருந்தும் வந்து சேர்ந்தது. சுத்தமான விரிப்புகள் மேலே வார்டுகளுக்கு ஏறிப்போகிற சத்தம் சுவருக்குள் கேட்டது. கணவர் பையைக் கீழே வைத்தார். எந்தப் பக்கம் என்று அவள் முகத்தைப் பார்த்தார்.