பன்னிரண்டாம் வாரத்தில் தேர்

என் தம்பி குமரகுருபரன் சட்டை மாற்றுவதுபோலப் பயிற்சி முறையை மாற்றுகிறான் என்று சொன்னால், சட்டைக்குத்தான் அவமானம். சட்டையையாவது கிழியும்வரை போடுவான். பவர்லிஃப்டிங் தொடங்கியதிலிருந்து ரஷ்யக்காரர்கள் முறை, பல்கேரியா முறை, யூடியூபில் தாடிக்காரர் ஒருவர் சொன்ன முறை என்று எல்லாவற்றிலும் கால் வைத்தான். எதிலும் ஒரு மாதம் நிலைக்கவில்லை. பத்து நாள் எடை ஏறாவிட்டால் முறையே சரியில்லை என்பான். விதை போட்ட மறுநாளே மண்ணைக் கிளறிப் பார்க்கிறவனுக்கு என்னதான் முளைக்கும்?

எனக்கு இரும்பைப் பற்றி ஒன்றும் தெரியாது. பாளையங்கோட்டையில் ஒரு கல்லூரியில் கணிதம் நடத்துகிறேன். ஆனால் இந்த விளையாட்டு எளிய கணக்குதான். கம்பியைத் தோளில் வைத்து உட்கார்ந்து எழ வேண்டும், அது ஸ்குவாட். மல்லாந்து படுத்து நெஞ்சிலிருந்து தள்ள வேண்டும். கடைசியில் தரையிலிருந்து தூக்கி நிமிர வேண்டும். ஒவ்வொன்றுக்கும் மூன்று வாய்ப்பு. ஏதாவது ஒன்றில் மூன்று வாய்ப்பும் போய்விட்டால் மூட்டையைக் கட்டிக்கொண்டு வீட்டுக்கு வர வேண்டியதுதான்.

குமருவுக்கு ஜூனியர் பிரிவில் இதுதான் கடைசி வருடம். அடுத்த வருடம் முதுகு கதவு மாதிரி இருக்கும் பெரிய ஆட்களோடு மோத வேண்டும். அங்கே இவன் பெயரை யாரும் கூப்பிடக்கூட மாட்டார்கள். நெல்லையப்பர் கோயில் ஆனித் தேர் முடிந்த மூன்றாம் நாள் மதுரையில் மாநிலப் போட்டி. அதில் ஜெயித்தால் தமிழ்நாட்டு அணி. "ஒரு தடவையாவது அந்தச் சட்டையப் போட்டுக்கிட்டு அப்பா முன்னால நிக்கணும்க்கா" என்று என்னிடம் மட்டும் சொல்லியிருந்தான்.

அப்பா தாலுகா ஆபீஸில் தலைமை எழுத்தராக இருந்து ஓய்வு பெற்றவர். நிலமெல்லாம் தாத்தா காலத்திலேயே போய்விட்டது. நினைப்பு மட்டும் போகவில்லை. "மூட்டை தூக்குத வேலைக்கா நம்ம வீட்டுப் பிள்ளை?" என்பதுதான் தம்பியின் விளையாட்டைப் பற்றி அவர் சொன்ன ஒரே கருத்து. ஒரு போட்டிக்கும் அவர் வந்ததில்லை.

இந்த முறை ஜிம் நடத்தும் ஐயம்பெருமாள் அண்ணாச்சி தானே பன்னிரண்டு வாரத்துக்கு ஒரு திட்டம் போட்டுக் கொடுத்தார். வாரத்துக்கு வாரம் எடை கொஞ்சம் கொஞ்சமாகத்தான் ஏறும். கடைசி வாரம் முழு ஓய்வு.

"ஏலே, இதுல ஏதாவது ஒண்ண மாத்துனேன்னு தெரிஞ்சுது, இந்த வாசப்படியை மிதிக்கப்படாது" என்றார்.

வீட்டில் நான் காவல் இருந்தேன். மூன்றாம் வாரத்தில் "எடை ரொம்ப லேசா இருக்குக்கா, வேற முறை பாக்கட்டா?" என்று முனகினான். செருப்பு பிஞ்சிரும் என்றேன். ஐந்தாம் வாரத்தில் முனகல் நின்றது. எட்டாம் வாரத்துக்குப் பிறகு அவன் நடையே மாறிவிட்டது. சாப்பிட்டான், தூங்கினான், நாளை என்ன தூக்குவது என்று யாரையும் கேட்கவில்லை. பதினோராம் வாரக் கடைசியில், வருடக்கணக்காக அவனை அமுக்கிவைத்த எடையோடு சிரித்துக்கொண்டே எழுந்தான். அன்றைக்கு நான் அவனுக்கு டவுணில் அல்வா வாங்கிக் கொடுத்தேன்.

பன்னிரண்டாம் வாரத்தில் தேர் வந்தது.

நெல்லையப்பர் தேர் நிலையிலிருந்து புறப்படும்போது எங்கள் வீட்டு ஆண் ஒருவர் வடத்தில் கை வைப்பது வழக்கம். அதைக் கோயிலில் யாரும் கேட்பதில்லை, அப்பாதான் விடாமல் வைத்திருக்கிறார். போன வருடம் அவருக்கு நெஞ்சில் ஸ்டென்ட் வைத்தார்கள். வடத்தின் பக்கமே போகக் கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டார்.

"அவனுக்கு இந்த வாரம் ஓய்வுப்பா. எதையும் இழுக்கப்படாது" என்றேன்.

"சாமி தேரை இழுக்குதது எக்சர்சைஸாட்டி? சரி, அவன் வரண்டாம். நான் போயிக்கிடுதேன்."

குமரு எழுந்து வேட்டியைக் கட்டினான். "வடத்தைத் தொட்டுக் கும்பிட்டுட்டு வந்துருதேன்க்கா. சத்தியமா."

சொன்னபடிதான் செய்தான். வடத்தைத் தொட்டான், கும்பிட்டான், ஓரமாக நடந்து வந்தான். நானும் அப்பாவும் வாகையடி முக்கில் தெரிந்தவர் வீட்டு மாடியில் நின்றிருந்தோம். தேர் அந்த முக்கில் வந்து நின்றுவிட்டது. வடம் இழுத்தார்கள், அசையவில்லை. சக்கரத்துக்குப் பின்னால் கனத்த மரத்தடிகளைக் கொடுத்து நெம்பினார்கள். அதைத் தடி போடுவது என்பார்கள். அதற்கும் அசையவில்லை. வெயில் ஏறிக்கொண்டிருந்தது.

"நம்ம பிள்ளைவாள் மவன் பளு தூக்குதாம்லா, அவனைக் கூப்பிடுங்கலே!" என்று யாரோ கத்தினார்.

குமரு நிமிர்ந்து மாடியைப் பார்த்தான். வேண்டாம் என்று தலையை ஆட்டினேன். ஊர் கூடித்தானே தேர் இழுக்க வேண்டும், இவன் ஒருத்தன் முதுகை நம்பியா நெல்லையப்பர் புறப்பட்டார்? ஆனால் அவன் என்னைப் பார்க்கவில்லை, எனக்குப் பக்கத்தில் நின்ற அப்பாவைப் பார்த்தான். சட்டையைக் கழற்றி யாரிடமோ கொடுத்தான்.

ஜிம்மில் நிற்பதுபோலவே காலை அகட்டி, மூச்சை வயிற்றில் இறக்கி, தடிக்குத் தோள் கொடுத்தான். ஒரு தடவை, இரண்டு தடவை, அதற்கு மேல் நான் எண்ணவில்லை. பதினோரு வாரம் சேர்த்து வைத்ததையெல்லாம் அங்கே இறக்கினான். சக்கரம் முனகியது. தேர் நகர்ந்தது. தெருவே கத்தியது. அவனைத் தோளில் தூக்கிவிட்டார்கள். எனக்கு அழுகை வந்தது. சந்தோஷமா ஆத்திரமா என்று கேட்டால் இரண்டும்தான். அப்பா தலைக்கு மேல் கையைக் கூப்பி, "எம்பிள்ளை! எம்பிள்ளை!" என்று கத்திக்கொண்டிருந்தார். அவர் அப்படிச் சொல்லி நான் கேட்டதே இல்லை.

மதுரைக்கு நானும் கூடப் போனேன். அங்கே உடம்பைச் சூடுபடுத்தத் தூக்கிய எடையிலேயே அவன் தொடை நடுங்கியது. அண்ணாச்சி கண்ணைச் சுருக்கினார்.

"என்னலே செஞ்சே?"

"தேருக்குத் தடி போட்டேன் அண்ணாச்சி."

அவரும் எங்கள் ஊர்க்காரர் அல்லவா, முதலில் கன்னத்தில் போட்டுக்கொண்டார். பிறகுதான் திட்டினார். திட்டி முடித்து, "இன்னும் நேரம் இருக்கு. ஸ்குவாட்டுல முதல் எடையைப் பாதியாக் கொறச்சிருவோம். பைய ஆரம்பிப்போம்" என்றார். ஒருமுறை தோற்ற பிறகு எடையை ஏற்றலாமே தவிர இறக்க முடியாது என்பது விதி.

"வேண்டாம் அண்ணாச்சி, தேரையே நகட்டியிருக்கேன்" என்றான் குமரு. கெஞ்சிப் பார்த்தேன். என்னைப் பார்த்துச் சிரித்தான். தேர் நகர்ந்த பெருமை அவன் தலையிலிருந்து இன்னும் இறங்கவில்லை.

பயிற்சியில் அவன் பலமுறை தூக்கிய எடைதான். முதல் முறை போதிய அளவு கீழே உட்காரவில்லை என்று நடுவர்கள் சிவப்பு விளக்குப் போட்டார்கள். இரண்டாம் முறை உட்கார்ந்தவன் எழவில்லை. மூன்றாம் முறை பாதிவரை வந்தான். முகம் கறுத்து, கால் உதறி, அங்கேயே நின்றான். பின்னால் நின்றவர்கள் கம்பியைப் பிடித்துக்கொண்டார்கள். அவ்வளவுதான். மற்ற இரண்டையும் தொடவே விடவில்லை.

பஸ்ஸில் அவனை ஜன்னலோரம் உட்காரவைத்தேன். கோவில்பட்டி தாண்டியதும் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டு அழுதான். உனக்கு நல்லா வேணும் என்று சொல்ல வாய்வரை வந்தது. சொல்லாமல் அவன் முதுகைத் தடவிக் கொடுத்தேன்.

சாயங்காலம் வீட்டுக்குள் நுழைந்தால் கூடம் நிறைய ஆட்கள். ரதவீதிக் கடைக்காரர்கள் நாலைந்து பேருக்கு அப்பா காபி கொடுத்துக்கொண்டிருந்தார். ஐந்தாவது தடவையாகவோ ஆறாவது தடவையாகவோ அதே தேர்க் கதை.

"இந்தா வந்துட்டாம்லா! வாலே, வா!" அப்பா எழுந்து வந்து அவன் தோளில் கை போட்டு எல்லோர் முன்னாலும் நிறுத்தினார். "இவ்வளவு நாள் அந்த ஜிம்முல கெடந்தது வீண் போவலடே. எல்லாம் இதுக்குத்தான்."

குமரு தலையைக் குனிந்தபடி நின்றான். எனக்குப் பொறுக்கவில்லை.

"அப்பா, அவன் தோத்துட்டு வந்திருக்கான்" என்றேன்.

அப்பா சிரிப்பு மாறாமல் என்னைப் பார்த்தார்.

"எதுல?" என்று கேட்டார்.