பை அம்மா வந்தாங்களா?

அக்காவுக்கு சூப்பர் ஹீரோ படங்கள் பிடிக்காது என்று யாராவது சொன்னால் அது அபாண்டம். பிடிக்காமல் போவதற்காவது அவற்றின் மேல் கொஞ்சம் அக்கறை வேண்டுமே! அவளுக்கு அதுவும் கிடையாது. ராமன் ஆண்டால் என்ன, ராவணன் ஆண்டால் என்ன என்கிற மாதிரி, உலகத்தை எவன் காப்பாற்றினால் என்ன, எவன் அழித்தால் என்ன என்று உட்கார்ந்திருப்பாள். சிவப்பு உடுப்புக்காரனுக்கும் நீல உடுப்புக்காரனுக்கும் அவளுக்கு வித்தியாசம் தெரியாது. இரண்டு பேருக்கும் ஒரே தாடை.

ஆனால் வந்த படம் ஒன்றைக்கூட அவள் விட்டதில்லை. முதல் வாரத்திலேயே பகல் காட்சிக்கு ஆஜராகிவிடுவாள். காரணம், பக்கத்து இருக்கையில் இருக்கும் தம்பி.

தம்பிக்குப் பிறவியிலேயே பார்வை இல்லை. திரையில் நடப்பதை அக்கா அவன் காதோரம் கிசுகிசுப்பாள். முன் வரிசைக்காரர்கள் திரும்பி முறைத்தால் பதிலுக்கு முறைப்பாள். இத்தனைக்கும் வாரம் முழுக்க அவளுக்குக் கண்ணால்தான் பிழைப்பு. பாட்டில் தொழிற்சாலையில், பளீரென்ற விளக்குக்கு முன்னால் ஊர்வலமாக வரும் பாட்டில்களில் கீறல் இருக்கிறதா, குமிழ் இருக்கிறதா என்று பார்த்துப் பார்த்து ஒதுக்குவாள். விடுமுறை நாளில் கண்ணை மூடிக்கொண்டு கிடப்பதுதான் அவளுக்குச் சொர்க்கம். அந்தச் சொர்க்கத்தைத்தான் பறக்கிறவர்களுக்குத் தாரை வார்த்துக்கொண்டிருந்தாள்.

தம்பிக்கு அக்கா சொன்னால் சொன்னதுதான். பார்வை இல்லாத பிள்ளை என்று வந்தவர் போனவர் எல்லாரும் அவனிடம் இனிக்க இனிக்கப் பொய் சொன்ன வீடு அது. சின்ன வயதில் ஒருமுறை முடி வெட்டுகிறவர் தலையைக் கண்டபடி வெட்டி அனுப்பிவிட்டார். வீட்டில் எல்லாரும் "ராஜா மாதிரி இருக்கடா" என்றார்கள். பள்ளிக்கூடத்தில் வயிறு வலிக்கச் சிரித்தார்கள். அழுதுகொண்டே வந்து அக்காவிடம் கேட்டான். "எலி கரண்டின மாதிரி இருக்குடா" என்றாள் அவள். கண்ணைத் துடைத்துக்கொண்டு, "இனிமே நீ பாக்கறத அப்படியே என்கிட்ட சொல்லணும்" என்று கையில் அடித்துச் சத்தியம் வாங்கிக்கொண்டான்.

போன வருடம் அம்மா போனபோதும் அப்படித்தான். "தூங்கற மாதிரியே இருக்காங்கப்பா" என்று ஆளாளுக்குச் சொன்னார்கள். அவன் அக்கா பக்கம் முகத்தைத் திருப்பினான். "இல்லடா. வாய் கோணியிருக்கு. ஒரு கண்ணு சரியா மூடல. கஷ்டப்பட்டுத்தான் போயிருக்காங்க" என்றாள் அக்கா. கூடியிருந்தவர்கள் பல்லைக் கடித்தார்கள். தம்பி கையை நீட்டி, தடவிப் பார்த்து, அந்தக் கண்ணை மூடிவிட்டான்.

இப்படிப்பட்ட அரிச்சந்திரிதான் அவனிடம் ஒரே ஒரு விஷயத்தில் புளுகினாள்.

அவர்கள் பார்த்த முதல் படத்தில் வந்த வினை அது. சிவப்பு உடுப்புக்காரன் நடுத்தெருவில் ஒரு காரைத் தூக்கி வில்லன் மேல் வீசினான். "காரை வீசிட்டான்டா" என்றாள் அக்கா, கொட்டாவி விட்டபடி. "உள்ள யாருக்கா இருந்தா?" என்றான் தம்பி. படத்தில் அதைக் காட்டவில்லை. கார் வெடித்தது, கூட்டம் கை தட்டியது. தம்பி விடவில்லை. அவள் கையைப் பிடித்து, "உள்ள யாருக்கா? செத்துட்டாங்களா?" என்று நச்சரித்தான், குரல் கம்மியது. அக்கா திரையில் எரிகிற காரைப் பார்த்தாள். பிறகு, "ஒரு அம்மாடா. கையில பை. வீசறதுக்கு முன்னாடியே இறங்கி ஓடிட்டாங்க. அவனைத் திட்டிக்கிட்டே ஓடறாங்க" என்றாள். தம்பி கெக்கெக்கே என்று சிரித்தான்.

ஒட்டகத்துக்கு இடம் கொடுத்த கதையாகிவிட்டது. அடுத்த படத்தில் முதல் சண்டை தொடங்கியதுமே, "பை அம்மா வந்தாங்களா?" என்றான். வராமல் என்ன செய்வார்கள்? வந்தார்கள். ஒரு படத்தில் பையின் கைப்பிடி அறுந்து, கயிறு போட்டுக் கட்டிக்கொண்டு ஓடினார்கள். இன்னொரு படத்தில் இடிகிற கோபுரத்துக்குக் கீழே நின்று, "இதெல்லாம் யாரு கூட்டறது?" என்று நீல உடுப்புக்காரனைக் கேட்டார்கள். போன படத்தில் செருப்பு ஒன்றைத் தொலைத்துவிட்டார்கள். கெட்டிக்காரன் புளுகு எட்டு நாளைக்கு என்பார்கள். அக்காவின் புளுகு வருடக்கணக்கில் ஓடியது.

அடுத்த படம் வந்த வாரம் தம்பி வேலை முடிந்து துள்ளிக்கொண்டு வந்தான். பொருள் வந்து சேராதவர்கள் திட்டுவதற்காகக் கூப்பிடும் கூரியர் அலுவலகத் தொலைபேசிப் பிரிவில் அவனுக்கு வேலை.

"அக்கா, கூட வேலை பாக்கறவர் ஒரு ஆப் போட்டுக் குடுத்தாரு. படம் ஓடும்போது காட்சில என்ன நடக்குதுன்னு அதுவே காதுல சொல்லிடுமாம். இனிமே நீ தொண்டை வத்தப் பேச வேணாம். ஹாயா தூங்கு!"

பை அம்மாவை அது எங்கே போய்த் தேடும் என்றுதான் அக்காவுக்கு முதலில் தோன்றியது. "அதெல்லாம் உருப்படியா வேலை செய்யாதுடா" என்று சொல்லிப் பார்த்தாள். படத்துக்குப் பேருந்தில் போகும்போதே உண்மையைப் போட்டு உடைத்துவிடலாம் என்று நினைத்தாள். அவன் காதில் மாட்டுவதை மாட்டி, கழற்றி, துடைத்து, மறுபடி மாட்டிக்கொண்டிருந்த சந்தோஷத்தைப் பார்த்ததும் வாய் வரவில்லை. பொய் ஒன்றுதான். ஆனால் அந்த ஒன்று உடைந்தால், சத்தியம் வாங்கினவன் மற்றதையும் நம்புவானா? அம்மாவின் முகத்தையும்கூட நம்புவானா? அவளுக்கு அதுதான் பயமாக இருந்தது.

படம் ஆரம்பித்தது. தம்பி ஒரு காதில் கருவியோடு நிமிர்ந்து உட்கார்ந்தான். அக்கா தூங்க வேண்டியதுதானே? தூக்கம் வந்தால்தானே! திரையில் எவனோ எவனையோ துரத்தினான். ஒரு பாலம் இடிந்தது. பேருந்து ஒன்று சரிந்து தொங்கியது. அக்காவின் கண், பழக்கதோஷத்தில், கூட்டத்துக்குள் ஒரு பையைத் தேடிக்கொண்டிருந்தது. பக்கத்தில் தம்பியின் தலை மெல்லச் சாய்ந்தது, அவன் கூர்ந்து கேட்கும்போது சாய்கிற மாதிரி. கொஞ்ச நேரம் கழித்து நிமிர்ந்தது. அதற்குப் பிறகு அசையவில்லை.

விளக்கு போட்டதும் தம்பி எழுந்து மடக்குக் கோலை விரித்தான். எப்போதும் அவள் முழங்கையைப் பிடித்துக்கொண்டு வருகிறவன், கோலைத் தட்டிக்கொண்டு தானாகவே படி இறங்கினான். வெளியே வெயில் கொளுத்தியது. பேருந்து நிறுத்தத்தின் நிழலில் போய் நின்றான்.

"பை அம்மா வரல" என்றான்.

அக்கா பேருந்து வருகிற திசையைப் பார்த்தாள்.

"இந்தப் படத்துல மட்டும் வரலையா? இல்ல, எந்தப் படத்துலயுமே வரலையா?"

'இந்தப் படத்துல மட்டும்தான்டா' என்று சொல்லிவிட்டுத் தப்பித்துக்கொள்ளலாம். கழுவுகிற மீனில் நழுவுகிற மீனாக இருக்க அவளுக்கும் தெரியும். நாக்கு நுனி வரை வந்ததை விழுங்கினாள்.

"எதுலயுமே வரல. நானா சொன்னது."

தம்பியின் முகம் சுருங்கிவிட்டது. அதைப் பார்க்க அவளுக்குத் தாங்கவில்லை.

"அம்மா மொகத்தையே ஒளிக்காம சொன்னவ நீ" என்றான். "அத்தனை பேர் தடுத்தும் சொன்ன. போயும் போயும் ஒரு படத்துக்கா என்கிட்டப் பொய் சொல்லுவ?"

"அது அம்மா. இவன் எவனோ பறக்கறவன்டா. இவன் பறந்தா எனக்கென்ன, விழுந்தா எனக்கென்ன? ஆனா நீ அவனைப் பத்திக் கேக்கலையே. காருக்குள்ள யாருன்னுதான கேட்ட? அந்தப் படத்துல ஒருத்தருக்கும் அந்த நெனப்பே இல்ல. அதை உன்கிட்ட சொல்ல எனக்கு மனசு வரல."

ஒரு பேருந்து வந்து நின்று கிளம்பியது. இருவரும் ஏறவில்லை.

"அந்த ஆப்புல ஒருத்தர் நல்ல குரல்ல, ஒண்ணு விடாம சொன்னாரு" என்றான் தம்பி கடைசியில். "ஒருத்தன் பறக்கறான். ஒருத்தன் விழறான். பாலம் இடியுது. மறுபடியும் பறக்கறான். ஏன்க்கா, இவ்வளவுதானா? இதுக்கா இத்தனை வருஷம் வந்தோம்?"

அக்காவுக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. "நான் உனக்காக வந்தேன்டா."

"நான் அந்த அம்மாவுக்காக வந்தேன்."

சொல்லிவிட்டு அவன் சிரிக்கவில்லை. கோலை ஒவ்வொரு கணுவாக மடக்கினான்.

"பையோட கைப்பிடில கயிறு கட்டியிருந்தாங்கன்னு சொன்னியே. அது அம்மா பை. அந்தக் கயித்தப் பிடிச்சுக்கிட்டுத்தான் நான் கூடவே நடந்து போவேன்."

"ஆமாடா. கூட்டத்துல ஒரு பொம்பளையத் தேடினா, எனக்கு வேற எந்த மொகம் ஞாபகம் வரும்?"

தம்பி கையை நீட்டினான். அக்கா தன் முழங்கையைக் கொண்டுபோய் அவன் விரல்களுக்குள் வைத்தாள். பிடித்துக்கொண்டான், வழக்கத்தைவிட இறுக்கமாக.

"படத்துக்கு வெளில நடக்கறதுல என்கிட்டப் பொய் சொல்லக் கூடாது."

"சொன்னதே இல்ல."

"அப்ப சரி. பாலம் இடிஞ்சப்ப அவங்க எங்க இருந்தாங்க?"

"அந்தத் தொங்கற பஸ்ஸுல. கடைசி சீட்டு. பின் கதவு வழியா இறங்கிட்டாங்க."

"செருப்பு?"

"புதுசு. ரெண்டு கால்லயும் இருக்கு."

"வலி எதுவும் இல்லாம நடக்கறாங்களா?"

"வெறும் நடையா? விறுவிறுன்னு போறாங்க."

"வீடு போய்ச் சேந்தாங்களாக்கா?"

"சேந்துட்டாங்கடா."

"பொய்தானே?"

"பொய்தான்."

"பரவால்ல. கதவத் தெறந்து உள்ள போனாங்கல்ல, அதுலேருந்து சொல்லு."