செத்த புறாக்கள் இறங்கிய மாடி

கொல்லப்பட்ட புறா ஒன்று, செத்து இருபத்துமூன்று நாள் கழித்து, ஒரு செவ்வாய்க்கிழமை காலை பத்தேகால் மணிக்கு வீடு திரும்பியது. திரும்பிய வீடுதான் தப்பு. அது பஞ்சர் கடைக்காரரின் வெள்ளைக்கண் பெட்டை. நாலு பருவம் அவருக்காகப் பந்தயத்தில் பறந்தது. ஆனால் வந்து இறங்கியது மூன்று தெரு தள்ளி, புறா டாக்டர் வீட்டு மொட்டை மாடியில், துணி காயும் கொடிக்குக் கீழே. அந்த வீட்டில் புறாக்கூண்டே கிடையாது. டாக்டரின் அம்மா ஈரப் புடவையை உதறிக்கொண்டிருந்தாள். காலில் வளையம் இருப்பதைப் பார்த்து, யாரோ வளர்க்கிற புறா, தாகத்தில் இறங்கியிருக்கிறது என்று ஒரு கிண்ணத்தில் தண்ணீர் வைத்தாள். புறா குடித்தது. கிண்ணத்தில் தண்ணீர் குறையவில்லை. மகள் மேலே வந்து வளையத்தின் எண்ணைப் படித்தாள். இரண்டாம் முறையும் படித்தாள். பிறகு கீழே போய் அறைக்கதவைச் சாத்திக்கொண்டாள்.

புறா டாக்டர் என்பது பந்தயச் சங்கத்து ஆண்கள் வைத்த பெயர். அந்தக் குடும்பத்தில் முதன்முதலாகக் கல்லூரிப் படி ஏறி, கால்நடை மருத்துவம் முடித்து வந்தவளை முதலில் கிண்டலாகத்தான் அப்படிக் கூப்பிட்டார்கள். அவர்களுக்கு வைத்தியம் என்றால் பந்தயத்துக்கு முந்தின நாள் தண்ணீரில் கைக்கு வந்த மாத்திரையைக் கரைத்து ஊற்றுவது. எந்த நோய்க்கு எந்த மாத்திரை என்ற பேச்சே இல்லை. பயிற்சிக்கு ஏற்றிப்போகும் கூடைகளைக் கழுவினால் ராசி போய்விடும் என்று பல வருட எச்சத்தைப் பத்திரமாக வைத்திருந்தார்கள். அவள் அந்த எச்சத்தைக் கண்ணாடித் தகட்டில் தேய்த்து நுண்ணோக்கியில் காட்டினாள். நெளிவதைப் பார்த்த பிறகு கிண்டல் குறைந்தது, பெயர் மட்டும் நின்றது. புதுப் புறா வாங்கினால் முப்பது நாள் தனியே வையுங்கள் என்று தொண்டை வற்றச் சொன்னாள். பதினான்கு பேரில் கேட்டவர் பஞ்சர் கடைக்காரர் ஒருவர்தான். வெளியூரிலிருந்து வாங்கிய ஒரு ஆண் புறாவை அவர் முப்பது நாள் தன் வீட்டுக் குளியலறையில் வைத்தார். குடும்பமே ஒரு மாதம் அண்ணன் வீட்டுக்குப் போய்க் குளித்தது. அண்ணி கேட்ட கேள்விகளை அவர் மனைவி இன்னும் மறக்கவில்லை.

கழுத்து திருகிக்கொள்ளும் நோய்க்கு மருந்து கிடையாது, தடுப்பூசி மட்டும்தான் உண்டு. அதையும் பந்தயத்துக்கு ஆறு வாரம் முன்பே போட்டாக வேண்டும். சங்கம் முந்நூறு புறாக்களுக்கான மருந்தை வரவழைத்து அவளிடம் ஒப்படைத்தது. மூன்று குப்பிகள். ஃபிரிட்ஜின் நடுத்தட்டில் வைத்துவிட்டு அவள் வேலைக்குப் போனாள். அலுவலகக் கட்டடம் ஒன்றில் ஏழு மாடித் தரை துடைத்துவிட்டு வந்த அம்மா, ஊரே நம்பி மகள் கையில் கொடுத்த மருந்து வெண்டைக்காய்க்குப் பக்கத்தில் கிடப்பதைப் பார்த்தாள். மனசு கேட்கவில்லை. சுத்தமான துணியில் சுற்றி, இருப்பதிலேயே குளிர்ந்த இடமான மேல் பெட்டியில், ஐஸுக்கு நடுவே வைத்தாள். அந்த மருந்து குளிரில் இருக்கலாம், உறையக்கூடாது. உறைந்துவிட்டால் ஊசியில் போவது வெறும் தண்ணீர்.

மறுநாள் காலை மகள் எடுத்தபோது மூன்றும் கல்லாக இருந்தன. உள்ளங்கையில் வைத்து உருக்கினாள். திரிந்த பால் போல அடியில் கட்டி கட்டியாகத் தங்கியது. சங்கத் தலைவரான தையற்காரரின் கடை மாடியில் பதினான்கு பேரும் கூடைகளோடு காத்திருந்தார்கள். அவள் சொல்ல வேண்டியிருந்தது ஒரே ஒரு வாக்கியம். எங்கம்மா தெரியாம ஐஸ்ல வச்சிட்டாங்க. அந்த வாக்கியத்துக்குத் தையற்காரர் எப்படிச் சிரிப்பார் என்று அவளுக்கு முன்கூட்டியே தெரியும். கேலிச் சிரிப்பாக இருக்காது. பாவம், அந்த வீட்டில் வேறென்ன எதிர்பார்க்க முடியும் என்கிற இரக்கச் சிரிப்பு. கல்லூரி விடுதிக்கு அம்மா ஒருமுறை வந்தபோது வாசலிலேயே நிற்க வைத்துப் பேசி அனுப்பியவள் அவள். குப்பிகளை நன்றாகக் குலுக்கினாள். பார்க்கப் பால் மாதிரி ஆனது. முந்நூறு புறாக்களுக்கும் கழுத்துத் தோலைத் தூக்கி, ஒரு சொட்டு ரத்தம் வராமல், அழகாகப் போட்டாள். கை சுத்தம் என்று எல்லோரும் பாராட்டினார்கள்.

ஐந்தாம் வாரம் முதல் கழுத்து திரும்பியது. பிறகு கூண்டு கூண்டாகப் பரவியது. எச்சம் தண்ணீராகப் போனது. புறாக்கள் தானியத்தைக் குறிபார்த்துக் கொத்தின, அலகு பக்கத்துத் தரையில் விழுந்தது. தலை முறுக்கிக்கொண்டு வானத்தைப் பார்த்தபடி பின்னாலேயே நடந்தன. எண்பத்தாறு செத்தன. ஊசி போட்டும் எப்படி வந்தது என்று சங்கம் கூடிக் கேட்டது. அவள் பதிலுக்கு நேரம் எடுத்துக்கொண்டாள். அந்த இடைவெளியில் யாரோ வெளியூர்ப் புறாவை ஞாபகப்படுத்தினார்கள். பஞ்சர் கடைக்காரர் கூண்டில் ஒன்றுகூடச் சாகவில்லை. கிண்ணத்தைத் தினமும் கழுவுகிறவர், தன் கூடையைத் தவிர இன்னொருவர் கூடையில் ஏற்றாதவர். அதுவே அவருக்கு எதிரான சாட்சியாகிவிட்டது. கொண்டுவந்து விட்டவன் வீட்டில் மட்டும் ஏன் சாவு இல்லை என்றார்கள். அவர் டாக்டரைப் பார்த்தார். குளியலறை, முப்பது நாள், எல்லாம் தெரிந்த ஒரே ஆள் அந்தக் கூட்டத்தில் அவள்தான். அவர் புறாக்கள் எல்லாவற்றையும் அழித்துவிட வேண்டுமா என்று தையற்காரர் அவளிடம் கேட்டார். பாதுகாப்புக்கு அதுதான் நல்லது என்றாள். பஞ்சர் கடைக்காரர் நாற்பத்தொரு புறாக்களையும் தன் கையாலேயே கழுத்தைத் திருகினார். விதிப்படி நடந்ததா என்று பார்க்கச் சங்கம் அவளை அனுப்பியிருந்தது. அவள் பக்கத்தில் நின்று எண்ணினாள்.

வெள்ளைக்கண் பெட்டைக்குப் பிறகு தினமும் ஏழெட்டு வந்தன. திருகப்பட்டவை, நோயில் போனவை, எல்லாமே அந்த மாடிக்குத்தான். தராசில் வைத்தால் முள் அசையாது. எச்சமிடாது, அதற்காகக் கீழ் வீட்டுக்காரர் நன்றி சொன்னார். கழுத்து எல்லாவற்றுக்கும் ஒரே மாதிரிதான் திரும்பியிருந்தது. ஆனால் நோயில் செத்தவை தானியத்தைத் தவறவிட்டன, கொல்லப்பட்டவை குறி தப்பாமல் கொத்தின. வளையத்தைப் பார்க்காமலே பிரித்துச் சொல்ல அவளால் முடிந்தது. சங்கத்தார் வந்து பார்த்தார்கள், எண்களைச் சரிபார்த்தார்கள். கடைசி வரை கவனித்தவள் கையைத் தேடி வந்திருக்கின்றன, வாயில்லா ஜீவனுக்கு நன்றி உண்டு என்று தையற்காரர் சொல்லிவிட்டுப் போனார். தெருவில் அவளைப் பார்த்தவர்கள் ஒதுங்கி மரியாதையாக வழிவிட்டார்கள். அவள் குடை பிடித்துக்கொண்டு வேலைக்குப் போக ஆரம்பித்தாள், வெயிலே இல்லாத நாளிலும்.

அம்மா மட்டும் நன்றிக் கதையை நம்பவில்லை. ஒரு ஞாயிற்றுக்கிழமை ஃபிரிட்ஜின் ஐஸைச் சுரண்டிக்கொண்டே, திரும்பிப் பார்க்காமல் கேட்டாள்.

“அந்த மருந்த நான் மேல வச்சேன்ல. அதுல கெட்டுப்போச்சாடி?”

“இல்லம்மா.”

அம்மா சுரண்டுவதை நிறுத்தினாள். மாடியில் நூற்றிருபத்தேழு புறாக்கள் நடக்கும் சத்தம் கேட்டது. எடை இல்லாதவற்றுக்குச் சத்தம் மட்டும் இருந்தது. அம்மா கை கழுவினாள், நல்ல புடவை கட்டினாள், கடைக்குப் போய்வருவதாகச் சொல்லிவிட்டுக் கிளம்பினாள். ஃபிரிட்ஜ் கதவு திறந்தே கிடப்பதைப் பார்த்த பிறகுதான் அம்மா எந்தக் கடைக்குப் போகிறாள் என்று மகளுக்குப் புரிந்தது. செருப்புகூடப் போடாமல் ஓடினாள்.

அவள் போய்ச் சேர்ந்தபோது சங்கத்து அறையில் அம்மாவுக்கு நாற்காலி போட்டிருந்தார்கள். அம்மா உட்காரவில்லை. மருந்தைக் கெடுத்தது நான்தான், என் பொண்ணுக்கு ஒண்ணும் தெரியாது என்று சொல்லி முடித்திருந்தாள். தையற்காரர் சிரித்தார். அவள் மாதக்கணக்காக, ஏன், பிறந்ததிலிருந்தே பயந்த அதே சிரிப்பு. விடுங்கம்மா, படிக்காதவங்க, உங்களுக்கு எப்படித் தெரியும் என்றார். மற்றவர்களும் ஆமாம் ஆமாம் என்றார்கள். பேச்சு அத்தோடு முடிந்திருக்கும். அவள் அம்மாவைக் கைப்பிடித்துக் கூட்டிக்கொண்டு போயிருக்கலாம். எல்லோரும் வாசல் வரை வந்து வழியனுப்பியிருப்பார்கள்.

“அம்மா வச்சது தெரியாம,” என்றாள். “நான் போட்டது தெரிஞ்சு.”

யாரும் திட்டவில்லை. தையற்காரர் அளவு நாடாவைக் கழுத்திலிருந்து எடுத்துச் சுருட்டினார், சுருட்டிக்கொண்டே இருந்தார். அம்மாதான் அவள் பக்கம் திரும்பி, ஏழு மாடித் தரையையும் பார்க்கிற அதே கண்ணால், கறை எங்கே என்று தேடுகிற மாதிரி அவள் முகத்தைப் பார்த்தாள். அதுவரை அம்மா அவளை அப்படிப் பார்த்ததில்லை.

அங்கிருந்து அவள் நேரே பஞ்சர் கடைக்குப் போனாள். கடைக்காரர் ஒரு டியூபைத் தண்ணீர்த் தொட்டியில் அமுக்கிக் குமிழி வருகிறதா என்று பார்த்துக்கொண்டிருந்தார். அவள் நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னாள். அவர் டியூபைத் திருப்பித் திருப்பி அமுக்கினார்.

“ஒவ்வொண்ணா நான்தான் புடிச்சேன்,” என்றார் கடைசியாக. “நீங்க பக்கத்துல நின்னு எண்ணுனீங்க.”

“ஆமா.”

“மன்னிப்பெல்லாம் கேக்காதீங்க. என்னால ஆகாது.” குமிழி வந்த இடத்தைச் சுண்ணாம்புக் கட்டியால் குறித்தார். “என்னுது எத்தனை வந்திருக்கு?”

எல்லாமே என்றாள். அன்று மாலையே அவர் தானிய டப்பாவோடு மாடி ஏறி வந்தார். டப்பாவைக் குலுக்கினார். நாற்பத்தொன்றும் திரும்பிப் பார்த்தன, அவர் காலடியில் வந்து மொய்த்தன, ஆனால் அவர் படி இறங்கியபோது ஒன்றும் பின்னால் போகவில்லை. உண்மை வெளியே வந்தால் புறாக்கள் போய்விடும் என்று அவள் உள்ளுக்குள் நினைத்திருந்தாள் போல. போகவில்லை. மறுவாரமும் இருந்தன. மறுவருடமும் இருந்தன.

சங்கம் அவளை நீக்கியது, வேறு ஆள் கிடைக்காததால் எட்டு மாதத்தில் திரும்ப அழைத்தது. கூடைகளை இப்போது கழுவுகிறார்கள். மருந்துக் குப்பிகள் அம்மாவின் பொறுப்பு; ஃபிரிட்ஜுக்குள் வெப்பமானி தொங்குகிறது, காலையும் மாலையும் பார்த்துக் குறித்து வைக்கிறாள், மகளைக்கூடக் கதவைத் திறக்க விடுவதில்லை. கால் வளையம் உள்ள எந்தப் புறாவுக்கும் ஊசி கட்டாயம் என்பது சங்க விதி. செத்த புறாக்களுக்கு விலக்கு உண்டா என்று யாரோ கேட்டதற்கு, விதியில் அப்படி எழுதவில்லை என்றார் தையற்காரர். அதனால் ஒவ்வொரு வருடமும், பந்தயத்துக்கு ஆறு வாரம் முன்னால், அவள் அந்த மாடியில் உட்கார்ந்து நூற்றிருபத்தேழுக்கும் ஊசி போடுகிறாள். ஊசி காற்றில் குத்துவது போல இறங்கும்; மருந்து மட்டும் உள்ளே போய்விடும். புறாக்களைப் பிடித்துக் கொடுப்பவர் பஞ்சர் கடைக்காரர். அம்மாவிடம் பேசுவார், அவளிடம் பேசுவதில்லை. முதலில் வெள்ளைக்கண் பெட்டையை நீட்டி, ஒன்று என்பார். நாற்பத்தொன்று வரை சத்தமாக எண்ணுவார். அதற்குப் பிறகு எண்ணமாட்டார்.