கடிபடாதவர் பட்டியல்

மூன்று நாளாக என்னை ஒரு கொசுவும் கடிக்கவில்லை. இன்றும் கடிக்காவிட்டால் வார்டிலிருந்து என் பெயரை எடுத்துவிடுவார்கள். அதுதான் விதி.

கொசுக் கணக்கெடுக்கும் ரெஜினா காலை ஆறு மணிக்கே வந்துவிட்டாள். கதவுக்குப் பின்னால் ஒட்டியிருக்கும் அட்டையில் தேதி போட்டாள். என்னை நாற்காலியில் உட்காரவைத்து, வேட்டியை முழங்காலுக்கு மேல் ஏற்றச் சொன்னாள். கொசுவை உறிஞ்சிப் பிடிக்கும் கண்ணாடிக் குழாயோடு எதிரே குந்தினாள்.

"காலை ஆட்டாதிய அண்ணாச்சி."

ஆட்டவில்லை. ஒரு மணி நேரம் கழித்து என் பெயருக்கு நேரே முட்டை போட்டாள். என் மனைவி செண்பகத்துக்குப் பதினாறு. எனக்குப் பொறாமையாக இருந்தது.

"எனக்கு ரத்தம் இருக்குல்லா?" என்று கேட்டேன்.

"அது வேற ஆபீஸ்."

வார்டு அலுவலகம் எங்கள் தெருவிலேயே இருக்கிறது. நடக்க நடக்கத் தெரு நீண்டுகொண்டே போனது. பதினொரு மணிக்குத்தான் போய்ச் சேர்ந்தேன். மேற்பார்வையாளர் சூசைராஜ் கொசுவலைக்குள் உட்கார்ந்து கையெழுத்துப் போட்டுக்கொண்டிருந்தார்.

"நான் இருக்கேன் சார்."

"எந்தக் கொசு சொல்லிச்சு?"

"நானே சொல்லுதேன்."

"நீரே சொன்னா எப்படிவே? நாளைக்கு எல்லாவனும் சொல்லுவான்."

சாயங்காலம் ஆறு மணிவரை தவணை கொடுத்தார். யோசிக்கலாம் என்று வெளியே பெஞ்சில் உட்கார்ந்தேன். ஒருவர் வந்து என் மடியில் உட்கார்ந்து பேப்பர் படித்தார். விளையாட்டுப் பக்கத்தை நானும் படித்தேன்.

வீட்டில் செண்பகம் ஒரே ஒரு தட்டு வைத்துச் சாப்பிட்டுக்கொண்டிருந்தாள்.

"செண்பகம்" என்று கூப்பிட்டேன்.

அவள் ஃபேனை நிமிர்ந்து பார்த்தாள். "பேரிங் போயிட்டு போல" என்றாள்.

எனக்குப் பயம் வந்துவிட்டது. குளியலறைக்குப் போய்த் தண்ணீர் டிரம்மின் மூடியைத் திறந்து வைத்தேன். புழு கொசுவாக எப்படியும் ஒரு வாரம் ஆகும். என்னிடம் இருந்தது மூன்று மணி நேரம். இருந்தாலும் திறந்தே வைத்தேன்.

ஆறுக்கு ஐந்து நிமிடம் இருக்கும்போது ஒரு கொசு வந்தது. காலில் வெள்ளை வரி போட்ட டெங்கு ஜாதி. நாற்காலிக் கைப்பிடியில் வைத்திருந்த என் முன்கையில் இறங்கியது. காய்ச்சல் வந்தாலும் சரி, கடி தாயே என்று வேண்டிக்கொண்டேன். சுருக்கென்று இருந்தது. சந்தோஷத்தில் எனக்கு அழுகையே வந்துவிட்டது.

செண்பகம் கொசுவைப் பார்த்துவிட்டாள். கிட்டே வந்து ஓங்கி ஓர் அடி அடித்தாள்.

அவள் கை நாற்காலியின் கைப்பிடியில் பட்டது. உள்ளங்கையைத் திருப்பிப் பார்த்தாள். நசுங்கிய கொசுவும் ஒரு சொட்டு ரத்தமும் ஒட்டியிருந்தன.

"யாரு ரத்தமோ" என்று முந்தானையில் துடைத்துக்கொண்டாள்.